ஹால்மார்க் முத்திரை

தங்கம், வெள்ளி நகைகளின் தூய்மையைச் சோதித்து, நகையின் மேலேயே பொறிக்கப்படும் சான்று ஹால்மார்க். செய்தவரும் விற்பவரும் அல்லாத மூன்றாம் தரப்பு சோதிப்பதே இதன் உயிர்நாடி.

தோற்றம்

இங்கிலாந்தில் முதலாம் எட்வர்டு 1300இல் இயற்றிய சட்டப்படி, தரம் தேறிய வெள்ளிப் பொருள்களில் சிறுத்தைத் தலை முத்திரை இடப்பட்டது. முதலில் சோதகர்கள் பட்டறை பட்டறையாகச் சென்றார்கள். 1478 முதல் லண்டன் பொற்கொல்லர் மண்டபத்துக்கே பொருள்களைக் கொண்டுசெல்ல வேண்டியிருந்தது. ‘ஹால்’ என்பது அந்த மண்டபமே.

சோழர் கல்வெட்டுகளிலும் பொன்னின் நிறையும் மாற்றும் (தூய்மையின் அளவு) பேசப்படுகின்றன. தஞ்சைப் பெரிய கோயிலுக்கு வந்த பொன் ‘ஆடவல்லான்’ என்னும் நிறைகல்லால் நிறுக்கப்பட்டது. ஆனால் உரைகல்லில் மாற்றுப் பார்ப்பது, பார்ப்பவரின் கண்ணையும் நேர்மையையும் பொறுத்ததாகவே இருந்தது.

இந்தியாவில்

இந்தியத் தர நிர்ணய அமைவனம் (பிஐஎஸ்) 2000இல் தங்கத்துக்கும் 2005இல் வெள்ளிக்கும் இத்திட்டத்தைக் கொண்டுவந்தது. அப்போது அது கடைக்காரரின் விருப்பம். ‘கேடிஎம்’ என்ற சொல்லையே தரச்சான்றாக நம்பி வாங்கியவர்கள் ஏராளம். அது காட்மியம் கலந்து பற்றவைத்த நகையைக் குறித்ததே தவிர, சான்று அல்ல. 2021 ஜூன் 23இல் 256 மாவட்டங்களில் தங்க நகைக்கு ஹால்மார்க் கட்டாயமானது. 2023 ஏப்ரல் 1 முதல், விற்கப்படும் ஹால்மார்க் தங்க நகை ஒவ்வொன்றிலும், அந்த நகைக்கே உரிய, எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்கக் குறியீடு (ஹெச்யுஐடி) இருந்தாக வேண்டும்.

சோதனை

நகையிலிருந்து சுரண்டிய துளியை நிறுத்து, வெள்ளி சேர்த்து, ஈயத் தகட்டில் பொதிந்து உலையிலிடுவார்கள். செம்பு முதலியவை ஈயத்தோடு நீங்கிவிடும். எஞ்சும் மணியைத் தட்டித் தகடாக்கி நைட்ரிக் அமிலத்தில் இட்டால் வெள்ளி கரைந்து, தங்கம் மட்டும் நிற்கும். அதன் நிறையே தூய்மையைச் சொல்லும்: 22 காரட்டுக்கு ஆயிரத்தில் 916 பங்கு, 18 காரட்டுக்கு 750.

வாங்குபவருக்குப் பாதுகாப்பு

நகையின் தூய்மை முத்திரையில் உள்ளதைவிடக் குறைந்தால், குறைவின் மதிப்பைப்போல் இருமடங்கும் சோதனைக் கட்டணமும் இழப்பீடாகக் கிடைக்கும். 22 காரட் என்று விற்ற 10 கிராம் நகை 18 காரட்டாக இருந்தால் குறைவு 1.66 கிராம், இழப்பீடு 3.32 கிராம் தங்கத்தின் விலை. செய்கூலி, சேதாரம் ஆகியவற்றின் நியாயத்துக்கு இந்த முத்திரை பொறுப்பல்ல.

போலி முத்திரை குத்துவது எளிது. ஹெச்யுஐடி பதிவாகியுள்ள பிஐஎஸ் பதிவேட்டை ஏமாற்றுவது கடினம். ஆகவே பணம் கொடுப்பதற்கு முன்பே ஹெச்யுஐடி குறியீட்டை ‘பிஐஎஸ் கேர்’ செயலியில் இட்டு, அது காட்டும் நகை வகையும் தூய்மையும் கையிலுள்ள நகையோடு பொருந்துகின்றனவா என்று பாருங்கள். ரசீதையும் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள்.