ராடு பிரேக் முதல் டிஸ்க் பிரேக் வரை

என் தங்கச்சி மகள் இந்த வருசம் ஒன்பதாவது போறா. பள்ளிக்கூடம் வீட்டிலிருந்து ஐந்து கிலோமீட்டர். அரசாங்கம் கொடுக்கிற சைக்கிள் பதினொன்றாம் வகுப்புக்குத்தான் வரும். 2001-02ல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்கு ஆரம்பிச்சு, 2005-06ல் எல்லாருக்கும்னு ஆன திட்டம் அது. அதுவரைக்கும் இரண்டு வருசம் பிள்ளையை நடக்க விட முடியுமா? தாய்மாமன் நான் இருக்கேன். கடலை வித்த காசில் ஒன்பதாயிரம் ஒதுக்கி வச்சுட்டு, அவளைக் கூட்டிக்கிட்டு டவுனுக்குப் போனேன்.

போகும்போதே சொல்லிட்டா. "மாமா, டிஸ்க் பிரேக் வச்சதுதான் வேணும்."

கடையில் ஏறக்குறைய ஒரே விலைக்கு இரண்டு சைக்கிள் நின்றது. ஒன்றில் முன்னும் பின்னும் டிஸ்க் பிரேக். இன்னொன்றில் ரப்பர் கட்டை ரிம்மை இரண்டு பக்கமும் கவ்வுகிற பிரேக். "இப்ப எல்லாப் பிள்ளைகளும் டிஸ்க்தான் கேக்குறாங்கண்ணே"ன்னார் கடைக்காரர். நான் எதையும் வாங்காமல் திரும்பிட்டேன். வர்ற வழியெல்லாம் பிள்ளை பேசவே இல்லை.

பிரேக் விசயத்தில் நான் அவசரப்படாததுக்குக் காரணம் இருக்கு. அதைக் கடைசியில் சொல்றேன். முதல்ல, இந்த ஒரு வாரம் உட்கார்ந்து படிச்சதைச் சொல்லிடறேன். சைக்கிள் வாங்கப் போற உங்களுக்கும் உதவும்.

1817ல் ஜெர்மனியில் மான்ஹைம் ஊரில் கார்ல் டிரைஸ் என்பவர் இரண்டு சக்கர வண்டி ஒன்றை ஓட்டிக் காட்டினார். அதில் பெடல் கிடையாது. மேலே உட்கார்ந்து காலால் தரையை உந்திக்கிட்டே போகணும். 1870களில் முன் சக்கரம் ஆள் உயரம், பின் சக்கரம் தட்டு அளவு என்று ஒரு சைக்கிள் வந்தது. பழைய படங்களில் பார்த்திருப்பீங்க. அதுக்கு இருந்த பிரேக் ஒரு கரண்டி மாதிரி. பிடியை இழுத்தால் அந்தக் கரண்டி, முன் சக்கரத்து ரப்பர் மேலேயே போய் அழுத்தும். கொஞ்சம் பலமா பிடிச்சுட்டால், ஓட்டுறவர் தலைகுப்புற முன்னால் போய் விழுவார். பிரேக் பிடிக்காட்டியும் அடி, பிடிச்சாலும் அடி.

1885ல் இங்கிலாந்தில் ஜான் கெம்ப் ஸ்டார்லி, ஏறக்குறைய சம அளவுள்ள இரண்டு சக்கரமும் செயினும் வைத்து ரோவர் என்ற சைக்கிளைக் கொண்டு வந்தார். இன்றைக்கு நாம ஓட்டுறது அந்த வம்சம்தான். மூன்று வருசம் கழித்து, 1888ல், பெல்ஃபாஸ்ட்டில் இருந்த ஜான் பாய்ட் டன்லப் காற்று அடைத்த டயருக்குக் காப்புரிமை வாங்கினார். அவர் தொழிலால் மாட்டு டாக்டர். மகனின் மூன்று சக்கர சைக்கிள் குலுங்காமல் ஓடணும்னு செஞ்சது அது.

காற்று டயர் வந்ததும் கரண்டி பிரேக் கதை முடிஞ்சது. கெட்டி ரப்பர் தாங்கின தேய்ப்பை மெல்லிய டயர் தாங்குமா? தேய்க்கிற இடம் மாறியாகணும். டயரை விட்டுட்டு ரிம்மைப் பிடிக்க ஆரம்பித்தார்கள். அப்படித்தான் ரிம் பிரேக் நிலைச்சுது.

ரிம்மைப் பிடிக்க இரண்டு வழி. ஒன்று இரும்புக் கம்பி, இன்னொன்று ஒயர். சுருள் உறைக்குள்ளே கம்பி ஓடுகிற பிரேக் ஒயருக்கு 1896ல் காப்புரிமை வாங்கினவர் எர்னஸ்ட் மானிங்டன் பௌடன். இன்றைக்கும் சைக்கிள் பிரேக்கிலும் மொபெட் ஆக்சிலேட்டரிலும் ஓடுறது அந்தச் சரக்குதான். ஆனால் நம்ம ஊருக்கு முதலில் வந்தது கம்பிதான், அதாவது ராடு பிரேக்.

உங்க தாத்தா சைக்கிளை நினைச்சுப் பாருங்க. கைப்பிடிக்குக் கீழே அதே வளைவில் ஒரு பிடி. அதிலிருந்து கம்பி கம்பியா இறங்கி, கடைசியில் குதிரைச் சேணத்துக் கால் வளையம் மாதிரி ஒன்று சக்கரத்தைச் சுற்றி நிற்கும். பிடியை இழுத்தால் அதிலிருக்கிற இரண்டு பிரேக் கட்டையும் ரிம்மை உள்பக்கத்திலிருந்து, அதாவது அச்சைப் பார்த்த பக்கத்திலிருந்து அழுத்தும். பக்கவாட்டில் பிடிக்காது. இதில் ஒரு பெரிய வசதி இருக்கு. வண்டித்தடத்தில் போட்டு அடிச்சு ரிம் கோட்டம் விழுந்தாலும், இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சக்கரம் ஆடினாலும், பிரேக் கட்டை உரசாது. ஒயர் இல்லாததால் அறுந்து போகவும் வழியில்லை. சுத்தியலும் ஸ்பேனரும் இருந்தால் எந்த மரத்தடிக் கடையிலும் சரிபண்ணலாம்.

சுதந்திரத்துக்கு முன்னால் ராலே, ஹெர்குலிஸ் எல்லாம் இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்தவை. 1949ல் முருகப்பா குழுமம் இங்கிலாந்துக் கம்பெனியோடு சேர்ந்து டி.ஐ. சைக்கிள்ஸை ஆரம்பித்தது. அம்பத்தூர் தொழிற்சாலையிலிருந்து ஹெர்குலிஸ் வெளியே வந்தது. 1951ல் சோனிபட்டில் அட்லஸ், 1956ல் லூதியானாவில் ஹீரோ. பால் கேன், நெல் மூட்டை, புல்லுக்கட்டு, புதுப் பொண்டாட்டின்னு எல்லாத்தையும் சுமந்தது இந்த ராடு பிரேக் சைக்கிள்கள்தான்.

குறை என்னன்னா மழை. ரிம் இரும்பு. துருப் பிடிக்காமல் இருக்க மேலே பளபளன்னு குரோமியம் பூச்சு. அந்த வழவழப்பில் தண்ணி பட்டால் ரப்பர் கட்டை வழுக்கும். பிடியை இழுத்ததும் பிடிக்காது. சக்கரம் சில சுற்று சுத்தி, கட்டை தண்ணியைத் துடைச்ச பிறகுதான் கொஞ்சமாவது பிடிக்கும். இறக்கத்தில் அந்த சில சுற்றுக்குள்ளே நீங்க எங்கேயோ போயிருப்பீங்க. அலுமினியம் ரிம் வந்ததும் இந்தக் குறை பெருமளவு குறைஞ்சது. நனைஞ்சாலும் இரும்பு ரிம்மைவிட அலுமினியத்தில் ரப்பர் நல்லாப் பிடிக்கும்.

டிஸ்க் பிரேக் புதுசுன்னு நாம நினைக்கிறோம். 1902லேயே இங்கிலாந்தில் ஃபிரெடெரிக் லான்செஸ்டர் காருக்கு அதைக் காப்புரிமை செய்திருக்கார். 1953ல் பிரான்சின் லே மான் கார் பந்தயத்தில் டிஸ்க் பிரேக் வைத்த ஜாகுவார் ஜெயித்த பிறகு அதன் பேர் பரவியது. சைக்கிளுக்கு அது தேவைப்பட்ட கதை அமெரிக்காவில் நடந்தது. 1976லிருந்து கலிஃபோர்னியாவில் சான் பிரான்சிஸ்கோவுக்கு வடக்கே ஒரு மலையில், சில இளவட்டங்கள் பழைய கனமான சைக்கிள்களை வச்சு மண் பாதையில் இறங்குகிற பந்தயம் நடத்தினார்கள். பெடலைப் பின்னால் மிதிச்சால் பின் சக்கர அச்சுக்குள்ளேயே பிடிக்கிற பிரேக் அதில் இருந்தது. ஒரு தடவை இறங்கி முடிப்பதற்குள் உள்ளே இருந்த கிரீஸ் வெந்து புகைஞ்சு போகும். மறுபடி கிரீஸ் அடைச்சால்தான் அடுத்த ஓட்டம். மறுபடி அடைக்கிறதுக்கு ஆங்கிலத்தில் 'ரீபேக்'. அந்தப் பாதைக்கே அந்தப் பேர் நிலைச்சுது.

அங்கிருந்துதான் மலை சைக்கிள் பிறந்தது. சேறும் இறக்கமும் உள்ள இடத்துக்கு நல்ல பிரேக் தேடினார்கள். 1996ல் ஷிமானோ கம்பெனி வி-பிரேக் கொண்டு வந்தது. இரண்டு நீளக் கைகள் ரிம்மைப் பக்கவாட்டில் கவ்வும். கடையில் நான் பார்த்த இரண்டாவது சைக்கிளில் இருந்தது அதுதான். அதே காலத்தில் மலைப் பந்தயங்களில் டிஸ்க்கும் இடம் பிடித்தது. சாலைப் பந்தயத்துக்கு ரொம்பத் தயங்கினார்கள். உலக சைக்கிள் சங்கம் சோதனை, நிறுத்தம், மறுபடி சோதனைன்னு இழுத்து, 2018ல்தான் முழு அனுமதி கொடுத்தது.

டிஸ்க்குக்கு என்ன பெருமை? தட்டு சக்கரத்தின் நடுவில் இருக்கு. சேறு சுலபத்தில் எட்டாது, மழையிலும் பிடிக்கும். ரிம் கோணினாலும் கவலையில்லை, ரிம் தேயவும் தேயாது. நல்ல டிஸ்க் நல்ல பிரேக்தான், அதில் எனக்கு மறுபேச்சு இல்லை.

ஆனால் மண்வெட்டி பிடிச்சவனுக்கு ஒரு கணக்கு தெரியும். காம்பு நீளமானால் கொஞ்சம் பலம் போதும், குட்டையானால் மூச்சு முட்டும். 26 இஞ்ச் சக்கரத்தில் ரிம், அச்சிலிருந்து சுமார் 28 சென்டிமீட்டர் தள்ளி இருக்கு. 160 மில்லிமீட்டர் டிஸ்க் தட்டின் விளிம்பு அச்சிலிருந்து 8 சென்டிமீட்டர்தான். ஒரே சக்கரத்தை நிறுத்த, டிஸ்க்கை ஏறக்குறைய நாலு மடங்கு பலமா நெருக்கணும். பார்க்கப்போனால் ரிம்மே ஒரு பெரிய டிஸ்க்தான். விலை கூடின சைக்கிளில் அந்தப் பலத்தை எண்ணெய் அழுத்தம் கொடுக்குது. ஒன்பதாயிரத்து சைக்கிளில் அதே பௌடன் ஒயர்தான் இழுக்கணும். மலிவான ஒயர் டிஸ்க்கில் பெரும்பாலும் ஒரு பக்கக் கட்டைதான் நகரும். அது தட்டைத் தள்ளி எதிர்ப்பக்கக் கட்டை மேல் சாய்க்கும். கட்டை தேயத் தேயத் திருகித் திருகி நெருக்கி வைக்கணும். தட்டு லேசா வளைஞ்சால் ஊரெல்லாம் கேட்கிற மாதிரி சர் சர்ருன்னு உரசும்.

அதோட எண்ணெய். எங்க ஊர்க் கடையில் சைக்கிளை விட்டால் முதல் வேலை, எண்ணெய்க் குப்பியை எடுத்து அச்சுக்கும் செயினுக்கும் ஊத்துறதுதான். அதில் நாலு சொட்டு தட்டில் பட்டால் பிரேக் கட்டை எண்ணெயைக் குடிச்சிடும், பிடிக்காது, மாத்தணும். அந்தக் கட்டை எங்க ஊர்க் கடையில் கிடையாது, டவுனுக்குப் போகணும். பள்ளிக்கூடம் போற பிள்ளை அதுவரைக்கும் என்ன செய்யும்? பிரேக் சரியில்லாமலே ஓட்டும். எனக்கு பயம் அங்கேதான்.

இப்ப அந்தக் காரணம். 1989 ஐப்பசி. எனக்கு பதினாறு, தங்கச்சிக்குப் பன்னிரண்டு, ஏழாவது படிச்சா. அப்பாவோட பழைய சைக்கிளில் கேரியரில் அவளை வச்சு நான்தான் பள்ளிக்கூடத்தில் விடுவேன். அன்றைக்கு அடைமழை. கண்மாய்க்கரையிலிருந்து இறங்கும்போது இரண்டு பிரேக்கையும் சேர்த்து இழுத்தேன். பிடிக்கலை. கீழே கலுங்குக் கல்லில் மோதினோம். எனக்கு முழங்காலில் சிராய்ப்பு. அவளுக்கு வலது மணிக்கட்டு உடைஞ்சது. கட்டுப் போட்டும் கொஞ்சம் கோணலாத்தான் கூடுச்சு. அத்தோட அப்பா அவ படிப்பை நிறுத்திட்டார்.

ராடு பிரேக்கையும் மழையையும்தான் முப்பத்தஞ்சு வருசமா குத்தம் சொல்லிக்கிட்டு இருந்தேன். ஈர இரும்பு ரிம் வழுக்கும்ங்கறது உண்மைதான். ஆனா பிரேக் கட்டை தேஞ்சு இரும்பு தெரிஞ்சுது, அதுவும் உண்மை. மாத்தச் சொல்லி அப்பா ஒரு வாரம் முன்னாடியே காசு கொடுத்திருந்தார். அந்தக் காசில் நான் படம் பார்த்தேன். வீட்டில் யாருக்கும் இதைச் சொன்னதில்லை.

தங்கச்சி சும்மா இருக்கலை. 1991ல் எங்க புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் வந்தப்போ, ஆட்சியரா இருந்த ஷீலா ராணி சுங்கத் பெண்களைச் சைக்கிள் ஓட்டச் சொன்னாங்க. ஆயிரக்கணக்கில் பெண்கள் கத்துக்கிட்டாங்க. லேடீஸ் சைக்கிள் கிடைக்காதவங்க கம்பி வச்ச ஆம்பளை சைக்கிளையே ஓட்டினாங்க. அந்தக் கூட்டத்தில் கோணல் கையோட இவளும் ஒருத்தி. எங்களை விழ வச்ச அதே சைக்கிளில்தான் கத்துக்கிட்டா.

போன வாரம் அவகிட்ட விசயத்தைச் சொன்னேன், சினிமாக் காசு உள்பட. கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம், "எனக்கு அப்பவே தெரியும்ணே, டிக்கெட் உன் சட்டைப் பையில இருந்துச்சு. நான்தானே துவைச்சேன்"னா. வேற எதுவும் சொல்லலை.

மறுநாள் மூணு பேரும் கடைக்குப் போனோம். பழைய ரேடியோ ஸ்பீக்கர் காந்தத்தைப் பையில் போட்டுக்கிட்டேன். வி-பிரேக் சைக்கிள் ரிம்மில் வச்சுப் பார்த்தேன், ஒட்டிக்கிச்சு. இரும்பு. பளபளப்பைப் பார்த்து ஏமாறாதீங்க, நீங்களும் காந்தம் கொண்டு போங்க. எழுநூறு ரூபாய் சேர்த்துக் கொடுத்து, காந்தம் ஒட்டாத அலுமினிய ரிம் உள்ளதை எடுத்தோம். மருமகளுக்குத் தட்டும் ரிம்மும் அச்சும் மண்ணில் வரைஞ்சு காட்டினேன். அரை மனசாத்தான் சரின்னா.

தங்கச்சி அவளை சீட்டில் ஏத்தி உட்கார வச்சு, "பிரேக்கைப் பிடி"ன்னா. பிள்ளையோட விரல் நுனிதான் பிடியைத் தொட்டுச்சு. "எந்த பிரேக்கா இருந்தா என்னண்ணே, கைக்கு எட்டணும்ல?"ன்னா. மெக்கானிக் பிடியில் இருக்கிற சின்ன ஸ்குரூவைத் திருகி, பிடியைக் கைப்பிடிக்குப் பக்கமா கொண்டு வந்து கொடுத்தார். ஒரு வாரம் படிச்ச எனக்கு அது தோணலை.

வீட்டுக்கு வந்ததும் இரண்டு ரிம்மிலும் ஒரு குடம் தண்ணி ஊத்தி, வாசலில் மெதுவா ஓட்டிப் பிடிக்கச் சொன்னேன். நின்னுச்சு. நீங்க சென்னையிலோ கோயம்புத்தூரிலோ இருந்து, டிஸ்க் கட்டை மாத்துற கடை பக்கத்தில் இருந்து, காசும் கொஞ்சம் கூட இருந்தால் தாராளமா டிஸ்க் வாங்குங்க. பக்கத்துக் கடைக்காரருக்கு எதைச் சரிபண்ணத் தெரியும்னு மட்டும் முதல்ல கேட்டுக்குங்க.

மாசப் பிறப்பன்னைக்கு அந்த சைக்கிளோட பிரேக் கட்டையைப் பார்க்கறது இனி என் வேலை. கட்டை வாங்க யார் கையிலும் காசு கொடுத்து அனுப்பறதில்லை. நானே போறேன்.