சானடோரியத்தின் ஜன்னல்கள்

பீச்சிலிருந்து தாம்பரம் போகும் மின்சார ரயிலில் பல்லாவரத்தைத் தாண்டினால் குரோம்பேட்டை, அடுத்தது தாம்பரம் சானடோரியம். முதல் பெயர் குரோம் லெதர் கம்பெனியால் வந்தது. இரண்டாவது பெயர் காற்றால் வந்தது. தோல் பதனிடும் வாடையும், காற்றையே மருந்தாகக் கொடுத்த ஆஸ்பத்திரியும் ஒரே ஒரு ஸ்டேஷன் தூரத்தில். தினமும் இந்த வழியில் போகிற பலருக்கு சானடோரியம் என்பது வெறும் ஊர்ப் பெயர்தான். எதிரே இருக்கும் மெப்ஸ் வளாகத்துக்குள் ஐ.டி. வேலைக்குப் போகிறவர்கள் நாள் முழுக்க இருப்பது திறக்காத கண்ணாடிகளுக்குப் பின்னால்.

டாக்டர் சௌரி முத்து 1928-இல் 12 படுக்கைகளோடு இதை ஆரம்பித்தார். அதற்கு முன்பு இங்கிலாந்தில் மெண்டிப் ஹில்ஸ் சானடோரியத்தை நடத்தியவர். காசநோய்க்கு மருந்தே இல்லாத காலம் அது. ஓய்வு, சத்தான சாப்பாடு, இரவும் பகலும் திறந்த ஜன்னல் என்பதே ஐரோப்பா முழுக்க நம்பப்பட்ட சிகிச்சை.

மெண்டிப்பில் 1917-இல் சேர்க்கப்பட்டவர்களில் நம் கணித மேதை ராமானுஜனும் ஒருவர். (அவருக்கு வந்தது காசநோய்தானா என்ற சந்தேகத்தைப் பின்னாளில் மருத்துவர்களே எழுப்பினார்கள். அது வேறு கதை.) அந்தச் சிகிச்சைக் காலத்தில் அவர் எழுதிய ஒரு கடிதத்தைப் படித்தால் நமக்கே குளிர் எடுக்கும். ஒரு மாதமாக அறையில் நெருப்பு மூட்ட விடவில்லையாம். தீவிரமாகக் கணக்குப் போடும் நாட்களில் மட்டும் கணப்பு உண்டு என்றார்களாம், அந்த நாள் வரவே இல்லையாம். குளியலறை மட்டும் கதகதப்பாக இருக்கிறது, அங்கே காகிதம் பேனாவோடு போய் உட்கார்ந்துகொள்கிறேன் என்கிறார். கும்பகோணத்துக்காரர், பாவம்.

அவரை அங்கே நடுங்கவைத்தது இன்றைய பொறியாளருக்கும் தலைவலியாக இருக்கிற கணக்கு. புதுக்காற்று வேண்டுமென்றால் வெப்பத்தை இழக்க வேண்டும். வெப்பம் வேண்டுமென்றால் பழைய காற்றையே திரும்பத் திரும்பச் சுவாசிக்க வேண்டும். தாம்பரத்தில் முத்துவுக்கு இந்தத் தொல்லை இல்லை. பச்சைமலைப் பக்கம் ஜன்னலைத் திறந்து வைத்தால் யாரும் உறைந்துபோக மாட்டார்கள். அரசு 1937-இல் சானடோரியத்தை எடுத்துக்கொண்டது, படுக்கைகள் பெருகின.

பிறகு மருந்து வந்தது. 1956-இல் சேத்துப்பட்டில், அதாவது ராமானுஜன் இறந்த அதே பகுதியில், காசநோய் வேதிச் சிகிச்சை மையம் தொடங்கியது. 193 நோயாளிகளை எடுத்துக்கொண்டு பாதிப் பேரைச் சானடோரியத்தில் சேர்த்தார்கள். மீதிப் பேரை நெரிசலான சொந்த வீடுகளிலேயே வைத்து அதே மாத்திரைகளைக் கொடுத்தார்கள். முடிவு 1959-இல் வெளியானது: வீட்டில் இருந்தவர்களும் கிட்டத்தட்ட அதே அளவுக்குத் தேறினார்கள். கூட இருந்த குடும்பத்தாருக்கும் அதனால் கூடுதல் ஆபத்து தெரியவில்லை. உலகம் முழுக்கச் சானடோரியங்கள் மூடப்பட்டதில் இந்த மெட்ராஸ் ஆய்வுக்குப் பெரிய பங்கு உண்டு. ஏழை நாடுகளுக்கு அது விடுதலை, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆனால் அதே 1959-இல் இன்னொரு ஆய்வும் வெளியானது. அமெரிக்காவின் பால்டிமோரில் ரிச்சர்ட் ரைலி குழுவினர் ஆறு அறைகள் கொண்ட ஒரு காசநோய் வார்டின் காற்றை டக்ட் வழியாக மேலே கொண்டுபோய், கூண்டிலிருந்த கினிப்பன்றிகளைச் சுவாசிக்க வைத்தார்கள். நோயாளிகளைப் பார்க்காத, தொடாத அந்தப் பிராணிகளுக்குத் தொற்று வந்தது. காசநோய் காற்றில் பரவுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டாம். தொடர்ந்து நடந்த ஆய்வில் இன்னொன்றும் புலப்பட்டது: மருந்தைத் தொடங்கியவர்களைவிட, இன்னும் தொடங்காதவர்களே அதிகம் பரப்புகிறார்கள்.

இரண்டையும் சேர்த்து வாசித்திருக்க வேண்டும். நோய் குணமாக ஜன்னல் தேவையில்லை என்றுதான் மெட்ராஸ் சொன்னது. நோய் வராமலிருக்க ஜன்னல் தேவையில்லை என்று அது சொல்லவே இல்லை. எங்கள் தொழில் பாஷையில், ஒரு ஃபீச்சருக்கு இரண்டு உபயோகம் இருந்தது. ஒன்று வேண்டாம் என்றானதும் முழு ஃபீச்சரையும் டெலீட் பண்ணிவிட்டோம்.

வீடுகளிலும் அதுதான் நடந்தது. பழைய வீட்டில் சுவரின் உச்சியில் வெண்டிலேட்டர் என்று ஒரு ஓட்டை இருக்கும், அதில் குருவி கூடு கட்டும். சூடான காற்று ஏறி அது வழியாகப் போய்விடும். ஏ.சி. மாட்டும்போது முதலில் அட்டை வைத்து அடைக்கப்பட்டது அதுதான். மேடவாக்கம், பள்ளிக்கரணை, பெருங்களத்தூர் பக்கம் எழுந்த புதிய ஃபிளாட்களில் பெரும்பாலும் அது வரைபடத்திலேயே இல்லை. ஸ்பிளிட் ஏ.சி. வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருகிறது என்று நம்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கொண்டுவருவதில்லை. அறையிலிருக்கும் அதே காற்றைத்தான் சுற்றிச் சுற்றிக் குளிர்விக்கிறது.

ஒரு சின்ன கணக்கு. பத்துக்குப் பத்து படுக்கையறையில் சுமார் 30 கன மீட்டர் காற்று. இரண்டு பேர் தூங்கினால் மணிக்கு 25 லிட்டர் அளவுக்குக் கார்பன் டை ஆக்சைடு விடுவார்கள். வெளியே 420 பி.பி.எம். இருப்பது, நன்றாக அடைத்த அறையில் விடிவதற்குள் 2000-ஐத் தாண்டிவிடும். 2000 என்றால், நீங்கள் இழுக்கும் காற்றில் சுமார் 4 சதவீதம் ஏற்கெனவே யாரோ ஒருவரின் நுரையீரலுக்குள் போய்வந்தது. அந்த வாயு விஷம் என்பதால் இதைச் சொல்லவில்லை. எவ்வளவு மூச்சைப் பங்கு போட்டுக்கொள்கிறோம் என்பதற்கு அது ஒரு மீட்டர்.

ராமானுஜனின் குளிர் அறைக்கு விடை 1970-களில் வந்தது. ஜப்பானில் மிட்சுபிஷி எலெக்ட்ரிக் 1970-இல் லாஸ்னே என்ற பெட்டியை விற்க ஆரம்பித்தது. கனடாவின் ரெஜைனாவில் 1977-இல் கட்டிய சஸ்காட்செவன் கன்சர்வேஷன் ஹவுஸிலும் ஒரு வெப்பமாற்றி இருந்தது. யோசனை எளிது. வெளியே போகும் காற்றையும் உள்ளே வரும் காற்றையும் மெல்லிய தகடுகளின் இரு பக்கமும் ஓடவிட்டால், இரண்டும் கலக்காமல் வெப்பம் மட்டும் கைமாறும். கனடாவில் போகிற காற்று வருகிற காற்றைச் சூடாக்கும். நம் ஊரில் குளிர்விக்கும்.

ஆனால் அங்கே விற்கும் பெட்டியை அப்படியே மேடவாக்கத்தில் மாட்டினால் பாதிக் காசு வீண். மே மாதம் வெளியே 36 டிகிரி, ஒரு கிலோ காற்றில் 20 கிராம் நீராவி. உள்ளே 26 டிகிரி, 11 கிராம் என்று வையுங்கள். இரண்டு பேருக்கு மணிக்கு 60 கன மீட்டர் புதுக்காற்று கொண்டுவந்தால் ஏ.சி.க்கு ஏறும் கூடுதல் சுமை சுமார் 640 வாட், அதாவது ஒரு டன் ஏ.சி.யின் திறனில் ஐந்தில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் கீழே. இதில் சூட்டின் பங்கு 190 வாட்தான். மற்றதெல்லாம் ஈரம். மணிக்கு அரை லிட்டருக்கும் மேல் தண்ணீரை ஆவியாக உள்ளே அழைத்து வருகிறோம்! அலுமினியத் தகடு ஈரத்தைத் தடுக்காது. லாஸ்னே மாதிரி காகிதமோ வேறு சவ்வோ இருந்தால்தான் வரும் காற்றின் ஈரம் போகும் காற்றுக்கு மாறும். அப்போது அந்த 640 வாட் சுமார் 200-க்கு இறங்கும். அந்தச் சவ்வைத் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடாதீர்கள். பெரும்பாலானவற்றில் கழுவ வேண்டியது ஃபில்டரை மட்டும்.

வருவதும் போவதும் சமமாக இருக்க வேண்டும் என்பதும் இங்கே இன்னும் முக்கியம். எக்ஸாஸ்ட் ஃபேன் மட்டும் ஓடினால், இடுக்குகள் வழியாகப் புழுக்கமான காற்று உறிஞ்சப்பட்டு, குளிர்ந்த சுவரில் வியர்த்து, பீரோவுக்குப் பின்னால் பூஞ்சை பிடிக்கும். குளிர் நாடுகளில் ஈரம் வீட்டுக்குள்ளிருந்து வெளியே போகப் பார்க்கிறது. நமக்கு அது வெளியிலிருந்து வருகிறது.

வெளிக்காற்று மட்டும் என்ன யோக்கியம்? பெருங்குடி குப்பைக் கிடங்கு 2022 ஏப்ரலில் பற்றி எரிந்தபோது அக்கம்பக்கத்தில் ஜன்னல் திறக்க முடியவில்லை. நல்ல ஃபில்டர் இல்லாத பெட்டி அந்தப் புகையையும் ஒழுங்காக அளந்து உள்ளே தள்ளும்.

பெட்டி தருவதும் கொஞ்சம்தான். 60 கன மீட்டர் என்றால் நம் அறையின் காற்று மணிக்கு இரண்டு முறை மாறும். பெருவின் லிமா நகர ஆஸ்பத்திரிகளில் நடந்த ஒரு ஆய்வு 2007-இல் வெளியானது. 1950-க்கு முன் கட்டிய, உயர்ந்த கூரையும் பெரிய ஜன்னல்களும் கொண்ட வார்டுகளில் எல்லாவற்றையும் திறந்து வைத்தபோது காற்று மணிக்கு 40 முறை மாறியது. இயந்திரக் காற்றோட்டம் உள்ள தனியறைகளில் 12 முறை. ஆகவே என் பரிந்துரை: ஏ.சி. ஓடும் மாதங்களில் பெட்டி ஓடட்டும். மார்கழி, தை ராத்திரிகளில் இரண்டையும் அணைத்துவிட்டு எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்துவிடுங்கள். கொசுவலை மட்டும் கிழியாமல் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.