வடக்கே போகிறவர்க்குச் சென்னையின் மழை வரலாறு

மதுரை–திருச்சி நெடுஞ்சாலையின்மீது அமைந்த ஊர் கொட்டாம்பட்டி. இவ்வூரையும் இதனைச் சூழ்ந்த சிற்றூர்களையும் சேர்ந்த பிள்ளைகள் படிப்பை முடித்ததும் வடக்கு நோக்கிப் பேருந்து ஏறுவது இன்று நேற்று தோன்றிய வழக்கமன்று. நமக்கு வடக்கு என்றால் சென்னைதான். நானூறு கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள அந்நகருக்கு வழியனுப்பும்போது, பணத்தைப் பத்திரமாக வைத்துக்கொள், நல்லவரோடு சேர், வேளைக்குச் சாப்பிடு என்றெல்லாம் பெற்றோர் சொல்லி அனுப்புவர். வானத்தைக் கவனித்துக்கொள் என்று எவரும் சொல்வதில்லை. காரணம் எளியது. நம் மண்ணில் மழை என்பது காத்திருக்கும் பொருள். அஞ்சும் பொருள் அன்று.

மதுரைச் சமவெளி ஆண்டுக்குச் சராசரியாக 85 செ.மீ. அளவில் மழை பெறுகிறது. சென்னை பெறுவது ஏறத்தாழ 140 செ.மீ. வேறுபாடு அளவில் மட்டும் இல்லை. பெய்யும் முறையிலும் உள்ளது. சென்னையின் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையுள்ள மூன்று மாதங்களில் கொட்டிவிடும். அதிலும் பெரும்பங்கு சில நாள்களில் பெய்து தீர்ந்துவிடும். அந்தச் சில நாள்களின் வரலாற்றைத் தொகுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நினைவு தங்கிய ஊரும் தங்காத ஊரும்

நம் பக்கத்தார்க்குப் புயல் என்றவுடன் நினைவுக்கு வருவது தனுஷ்கோடி. 1964 டிசம்பர் 22ஆம் நாள் இரவில் கடல் பொங்கி அவ்வூரை அழித்தது. பாம்பனிலிருந்து சென்ற பயணிகள் ரயில் ஆட்களோடு அலையில் மறைந்தது. தனுஷ்கோடி மீண்டும் ஊராகக் கட்டப்படவில்லை. இடிந்த கோயிலும் ரயில் நிலையமும் இன்றும் நிற்கின்றன. அழிவே அங்கே கல்வெட்டாயிற்று.

சென்னையின் நிலை நேர்மாறானது. வெள்ளம் வடிந்த மறுமாதமே சுவருக்குச் சுண்ணாம்பு பூசி, வாசலில் 'வீடு வாடகைக்கு' என்று எழுதிவிடுவர். அவ்வீட்டுக்கு வருகிறவர் வெள்ளத்தைக் கண்டவர் அல்லர். நம் ஊர்ப்பக்கமிருந்து புதிதாகச் சென்றவர். தாழ்ந்த இடத்தில் வாடகை குறைவு. ஆகவே கையில் காசு குறைந்த புதியவரே அங்குக் குடியேறுகிறார். பழையவர் அறிந்த செய்தி புதியவர்க்கு வந்து சேர்வதில்லை. ஒரு பேரிடருக்கும் அடுத்த பேரிடருக்கும் இடையே பத்து, இருபது, முப்பது ஆண்டுகள் கடந்துவிடுவதால், நகரம் ஒவ்வொரு முறையும் முதன்முறை நனைவதுபோலவே நனைகிறது.

கடற்கரையில் கற்ற பாடம்

1639ஆம் ஆண்டு ஆங்கில வணிகர் சென்னையில் இடம்பெற்றபோது அங்கு இயற்கைத் துறைமுகம் இல்லை. கப்பல்கள் திறந்த கடலில் நங்கூரமிட்டு நிற்க, சரக்கு படகுகளில் கரை சேர்ந்தது. வடகிழக்குப் பருவக்காற்றின் காலத்தில் அவ்வாறு நிற்பது எத்தகைய ஆபத்து என்பதை 1746 காட்டியது. அவ்வாண்டு செப்டம்பரில் பிரெஞ்சுத் தளபதி லா பூர்தொனே சென்னையைக் கைப்பற்றினார். அடுத்த மாதமே எழுந்த புயல் அவருடைய கப்பற்படையைச் சிதறடித்தது. கோட்டையை வென்றவர் அக்டோபர் மாதத்தை வெல்ல இயலவில்லை.

1792இல் நுங்கம்பாக்கத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியார் வானாய்வு நிலையம் அமைத்தனர். அங்கு நாட்டிய கருங்கல் தூணில் தமிழிலும் வாசகம் பொறிக்கப்பட்டுள்ளது. இன்றும் செய்திகளில் 'நுங்கம்பாக்கத்தில் இத்தனை செ.மீ. மழை' என்று கேட்கிறோமே, அவ்வழக்கின் வேர் அங்கே இருக்கிறது.

பின்னர்ச் செயற்கைத் துறைமுகம் கட்டத் தொடங்கினர். முற்றுப்பெறும் முன்பே 1881 நவம்பர்ப் புயல் அலைதடுப்புச் சுவர்களின் பெரும்பகுதியைத் தகர்த்தது. மீண்டும் கட்டினர். 1966 நவம்பரில் வீசிய புயல் ஸ்டமாடிஸ் என்னும் கப்பலை மெரினாக் கரையருகே தரைதட்டச் செய்தது. கடற்கரைக்குக் காற்றுவாங்க வந்தவர்கள் நெடுங்காலம் அதன் உடைந்த உடலைக் கண்டுசென்றனர்.

பஞ்சம் வெட்டிய கால்வாய்

சென்னையின் வானிலை வரலாறு நம்மிடமிருந்து தனித்து நிற்பதன்று. தாது வருஷப் பஞ்சம் என்று நம் முன்னோர் நடுங்கிச் சொன்ன 1876–78 பெரும்பஞ்சம் மதுரையையும் சென்னையையும் ஒருங்கே வாட்டியது. அப்போது பஞ்ச நிவாரண வேலையாக, பசித்த மக்களைக் கொண்டு, கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் கால்வாய்ப் பகுதியை நகருக்குள் வெட்டினர். அந்நாள் ஆளுநராயிருந்த பக்கிங்காம் கோமகனின் பெயர் அக்கால்வாய்க்கு வழங்கலாயிற்று. மழையின்மையால் பிறந்த அக்கால்வாயே இன்று மழைநீர் வடியும் முக்கிய வழிகளுள் ஒன்று. அதன் படுகையில்தான் பறக்கும் ரயிலின் தூண்கள் ஊன்றப்பட்டுள்ளன.

அதே பஞ்சத்தின் பின்விளைவாக, பருவமழை ஏன் பொய்க்கிறது என்று அறியும் ஆவல் அரசுக்கு எழுந்தது. கதிரவனின் மாற்றங்களை ஆராய்ந்தால் விடை கிட்டுமோ என்ற எண்ணமும் சேர்ந்து, சென்னையின் வானாய்வுப் பணி 1899இல் நம் கண்ணுக்கெட்டும் கோடைக்கானல் மலைக்கு மாறியது. வானிலைப் பணி நுங்கம்பாக்கத்திலேயே தொடர்ந்தது.

ஏரிகளின்மேல் எழுந்த நகரம்

கண்மாய், மடை, கலுங்கு, வரத்துக்கால் என்னும் சொற்கள் நமக்குத் தாய்ப்பாலோடு வந்தவை. சென்னைப் பக்கம் கண்மாயை ஏரி என்பர். மடையை மதகு என்பர். கலுங்கைக் கலங்கல் என்பர். சிறிய ஏரியைத் தாங்கல் என்பர். பெயர்தான் வேறு, பொருள் ஒன்றே. மேட்டு ஏரி நிரம்பினால் கீழ் ஏரிக்குப் பாயும். கீழ் ஏரி நிரம்பினால் ஆற்றுக்குப் போகும். இச்சங்கிலியில் ஒரு கண்ணியை எடுத்துவிட்டால் நீர் எங்கே நிற்கும் என்று நம் ஊர் நீர்பாய்ச்சியைக் கேட்டாலே சொல்லிவிடுவார்.

நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டைப் பக்கம்வரை நீண்டு கிடந்த பேரேரியைத் தூர்த்து, 1920களில் தியாகராய நகர் எழுந்தது. மேற்கு மாம்பலத்தில் ஏரிக்காட்சிச் சாலை என்று பொருள்படும் ஆங்கிலப் பெயருடைய தெரு ஒன்று இன்றும் உண்டு. காண்பதற்கு ஏரி இல்லை. நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடத்தில் 1976இல் வள்ளுவர் கோட்டம் அமைந்தது. ஐயப்பன்தாங்கல், பழவந்தாங்கல் என்னும் பெயர்கள் நீர் நின்ற இடத்தைத் தாமே சொல்லுகின்றன. தெற்கே விரிந்து கிடந்த பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் சிறிது சிறிதாகச் சுருங்கி, எஞ்சிய பகுதி 2022இல்தான் ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது.

நிலத்தின் கதை இவ்வாறிருக்க, வானத்தின் கதை இது. 1943 அக்டோபரில் கூவமும் அடையாறும் கரைபுரண்டன. 1976 நவம்பர் 25 அன்று பதிவான ஒரு நாள் மழை நுங்கம்பாக்கத்தில் 45 செ.மீ.; அடையாற்றங்கரைக் குடியிருப்புகள் மூழ்கின. 1985இல் மீண்டும் வெள்ளம். 2005 அக்டோபர் 27 அன்று 27 செ.மீ. பெய்தது. அவ்வெள்ளத்தைவிடக் கொடியது அதன் பின்கதை: அதே ஆண்டு டிசம்பர் 18 அன்று எம்.ஜி.ஆர். நகரில் நிவாரணம் பெற விடியுமுன் கூடிய ஏழைமக்கள் நெரிசலில் சிக்கி 42 பேர் மாண்டனர். வெள்ளத்துக்குத் தப்பியவர்கள் வரிசையில் இறந்தார்கள்.

2015ஆம் ஆண்டு நவம்பரில் நுங்கம்பாக்கத்தில் பெய்த மழை 105 செ.மீ. அளவினது, 1918 நவம்பருக்குப் பின் அத்தகைய மாதம் வந்ததில்லை. நிரம்பிய ஏரிகளுக்கும் ஊறிய மண்ணுக்கும் மேலே, டிசம்பர் முதல் நாள் தொடங்கி மறுநாள் காலைவரையான 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. கொட்டியது. ஒரு சதுர கிலோமீட்டர் நிலத்தில் ஒரு செ.மீ. மழை என்றால் ஒரு கோடி லிட்டர் நீர். 49ஆல் பெருக்கிக்கொள்ளலாம். செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து நொடிக்கு 29,000 கன அடிவரை திறந்துவிடப்பட்டது. வழியிலுள்ள ஏரிகளின் உபரிநீரும் அடையாற்றில் சேர்ந்தது. உறங்கிக்கொண்டிருந்தவர் வீடுகளுக்குள் நள்ளிரவில் ஆறு நுழைந்தது. 1878இல் தொடங்கிய 'இந்து' ஆங்கில நாளிதழ் தன் வரலாற்றில் முதன்முறையாக டிசம்பர் 2ஆம் நாள் சென்னையில் அச்சாகவில்லை. அந்த வெள்ளத்தைத் தந்தது பெயர் சூட்டப்பட்ட புயல் அன்று என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

அதற்குப் பின்னும் நகருக்கு ஓய்வில்லை. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் நகரின்மீதே கரை கடந்து பல்லாயிரம் மரங்களைச் சாய்த்தது. 2019 கோடையில் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் குடிநீர் வந்தது. 2021 டிசம்பர் 30 அன்று முன்னறிவிப்பில் இல்லாத பெருமழை மாலை நேரத்தில் நகரை முடக்கியது. 2023 டிசம்பர் 3, 4 நாள்களில் மிக்ஜாம் புயல் கரையைத் தொடாமல் கடலில் மெல்ல நகர்ந்தபடியே நகரை மூழ்கடித்துவிட்டு, 5ஆம் நாள் ஆந்திரத்தின் பாபட்லா அருகே கரையேறியது. வெள்ளமும் வறட்சியும் அங்கே பகைவர் அல்லர். ஒரே வீட்டில் மாறி மாறிக் குடியிருப்போர்.

புதிதாய்ச் செல்வோர் அறிய வேண்டுவன

இவ்வரலாறு நமக்குத் தரும் பயன் என்ன? முதலாவது, வீடு பார்க்கும்போது குழாயில் தண்ணீர் வருமா என்று கேட்பதோடு நில்லாமல், 2015இலும் 2023இலும் இத்தெருவில் தண்ணீர் எதுவரை நின்றது என்றும் கேட்க வேண்டும். தரகர் சொல்லமாட்டார், மூலைக்கடைக்காரரும், துணி தேய்ப்பவரும், எதிர்வீட்டு முதியவரும் முழங்காலையோ மார்பையோ தொட்டுக் காட்டுவர். தெருவின் பழம்பெயரையும் கேட்டறிய வேண்டும். தரைத்தளத்தில் தங்க நேர்ந்தால், மழைக்காலத்தில் சான்றிதழ்களைப் பரணில் வைத்தல் நலம்.

இரண்டாவது, அறிவிப்பின் மொழியைக் கற்க வேண்டும். துறைமுகத்தில் ஏற்றும் புயல் எச்சரிக்கைக் கூண்டு கப்பல்களுக்கானது. ஒன்றும் இரண்டும் தொலைவிலுள்ள புயலைக் குறிக்கும். ஐந்து முதல் ஏழு வரை ஆபத்தையும், எட்டு முதல் பத்து வரை பேராபத்தையும் உணர்த்தும். பதினொன்று என்றால் தகவல் தொடர்பே அற்றுப்போயிற்று என்று பொருள். தரையில் இருப்போர்க்கு மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்னும் நிற எச்சரிக்கைகள் உண்டு. 'அதி கனமழை' என்பது அழகுக்குச் சேர்த்த அடைமொழி அன்று. 24 மணி நேரத்தில் 20 செ.மீ.க்கு மேற்பட்ட மழையைக் குறிக்கும் கலைச்சொல். நம் ஊரில் ஆண்டு முழுதும் பெய்வதில் கால்பங்கு ஒரே நாளில் பெய்யும் என்று அதைப் படிக்க வேண்டும்.

மூன்றாவது, புயலின் கண். வர்தாவின்போது பேரிரைச்சல் தணிந்து சிறிது நேரம் அமைதி நிலவியது. அது புயல் முடிந்ததன் அடையாளமன்று. அதன் மையம் தலைக்கு மேல் கடக்கிறது என்பதன் அடையாளம். அடுத்து எதிர்த்திசையிலிருந்து காற்று அறையும். வேடிக்கை பார்க்க வெளியே வருபவர் அகப்பட்டுக்கொள்வது அப்போதுதான்.

நான்காவது, மழை நின்றாலும் ஆறு ஏறும். மேட்டு ஏரியின் நீர் கீழே வந்துசேரச் சில மணி நேரம் ஆகும். கண்மாய் ஊரில் பிறந்தவர்க்கு இதை விளக்கத் தேவையில்லை. தெருவில் தேங்கிய நீரில் திறந்த சாக்கடைக் குழியும் அறுந்த மின்கம்பியும் மறைந்திருக்கும். தெருவோர மின்பெட்டியை நெருங்கலாகாது. கைப்பேசிக் கோபுரங்கள் செயலற்றுப்போகும்; ஆகவே முன்கூட்டியே ஊருக்குச் செய்தி சொல்லிவிடுதல் பெற்றோர்க்குச் செய்யும் பேருதவி.

வெயிலையும் மறக்கலாகாது. 2003 மே இறுதியில் சென்னையில் 45 பாகை செல்சியசு வெப்பம் பதிவாயிற்று. கடற்காற்று பிந்தும் நாள்களில் அங்குள்ள புழுக்கம் நம் வறண்ட வெயிலினும் உடலை விரைவில் சோர்வுறச் செய்யும்.

கவிஞர் பலரைக் கொண்ட நம் வட்டத்தார்க்கு ஒரு வேண்டுகோள் உண்டு. மழையைப் பாடாத கவிஞர் நம்மிடையே இல்லை. அம்மழை எந்த ஆண்டில், எந்தத் தெருவில், எத்தனை அடி நின்றது என்று எழுதி வைத்தவர்தாம் அரியர். நம் உறவினரும் மாணவரும் சென்னையின் வேளச்சேரியிலும் முடிச்சூரிலும் ஜாபர்கான்பேட்டையிலும் கண்டவற்றைக் கேட்டு எழுதி வைப்போம். நம் வட்டத்தின் வயதான பத்தாண்டு என்பது ஒரு வெள்ளம் மறக்கப்படுவதற்குப் போதுமான காலம். அடுத்த ஆண்டு பேருந்து ஏறும் பிள்ளையின் கையில் அந்தப் பட்டியலும் இருக்கட்டும்.