விஎஸ் கோட் எடிட்டரில் ப்ராஜெக்ட் கோப்புறைச் சிக்கல்கள்

விஎஸ் கோட் என்று சுருக்கமாக அழைக்கப்படும் விஷுவல் ஸ்டுடியோ கோட், மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2015 ஏப்ரல் 29 அன்று அறிவித்த எடிட்டர். அதே ஆண்டு நவம்பரில் அதன் மூலநிரல் எம்ஐடி உரிமத்தில் திறந்துவிடப்பட்டது, 1.0 பதிப்பு 2016 ஏப்ரலில் வந்தது. இதைப் பயன்படுத்துவோர், குறிப்பாகப் புதிதாக நிரல் எழுதக் கற்பவர்கள், திரும்பத் திரும்பச் சந்திக்கும் தொல்லை ஒன்று உண்டு. ப்ராஜெக்ட் கோப்புறை இடப்பக்கப் பட்டியலில் தெரிவதில்லை, அல்லது பாதிதான் தெரிகிறது. எல்லாம் தெரிந்தாலும் நிரலை ஓட்டினால் "கோப்பு இல்லை" என்று பிழை வருகிறது. இவற்றுக்கான காரணங்களும் தீர்வுகளும் இங்கே விளக்கப்படுகின்றன.

இந்தக் குழப்பத்துக்கு எடிட்டரின் அடிப்படை அமைப்பே காரணம். எக்லிப்ஸிலும் மூத்த விஷுவல் ஸ்டுடியோவிலும் ஒரு ப்ராஜெக்ட் என்றால் அதற்கெனத் தனிக் கோப்பு இருக்கும். அந்த ப்ராஜெக்ட்டின் அமைப்பை அது சொல்லும். விஎஸ் கோட் குழுவைத் தொடக்கத்தில் வழிநடத்திய எரிக் காமா, எக்லிப்ஸின் ஜாவா கருவிகளை உருவாக்கியதிலும் முன்னணியில் இருந்தவர்தான். ஆனால் விஎஸ் கோட் அந்த முறையைக் கைவிட்டது. இங்கே திறந்த கோப்புறைதான் ப்ராஜெக்ட். எந்தக் கோப்புறையைத் திறக்கிறோமோ அதுவே வேர். எடிட்டர் அங்கிருந்துதான் எல்லாவற்றையும் கணக்கிடுகிறது. கோப்புறை தொடர்பான புகார்களில் பெரும்பாலானவை தவறான வேரைத் திறந்ததால் வருபவை. ஆகவே எந்த அமைப்பையும் மாற்றும் முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "இப்போது என் வேர்க் கோப்புறை எது?" என்பதுதான்.

வேர்க் கோப்புறை

விண்டோஸில் ஒரு நிரல் கோப்பை இருமுறை சொடுக்கித் திறந்தால் அந்த ஒரு கோப்பு மட்டும் எடிட்டரில் வரும். இடப்பக்கப் பட்டியலான எக்ஸ்ப்ளோரர் பகுதியோ, கோப்புறை எதுவும் திறக்கப்படவில்லை என்று சொல்லி, 'ஓப்பன் ஃபோல்டர்' பொத்தானைக் காட்டும். இது பழுதல்ல. ஃபைல் மெனுவில் 'ஓப்பன் ஃபோல்டர்' கொடுத்துக் கோப்புறையைத் தேர்ந்தால் போதும். டெர்மினலில் பழகியவர்கள் அந்தக் கோப்புறைக்குள் சென்று 'கோட்' என்று தட்டச்சிட்டு, ஓர் இடைவெளி விட்டு, ஒரு புள்ளி வைப்பார்கள். இருக்கும் இடமே வேராகத் திறக்கும்.

ஜிப் கோப்பால் வரும் சிக்கல் இதைவிட நுட்பமானது. கிட்ஹப்பிலிருந்து 'கடை' என்ற ப்ராஜெக்ட்டை ஜிப்பாக இறக்கினால் அதற்குள் 'கடை-மெயின்' என்று ஒரு கோப்புறை இருக்கும். விண்டோஸின் 'எக்ஸ்ட்ராக்ட் ஆல்' அதைப் பிரிக்கும்போது ஜிப்பின் பெயரிலேயே இன்னொரு கோப்புறையை உருவாக்கி, அதற்குள் இதை வைக்கிறது. விளைவு, 'கடை-மெயின்' கோப்புறைக்குள் 'கடை-மெயின்'. வெளிக் கோப்புறையைத் திறந்தவருக்கு எல்லாக் கோப்புகளும் கண்ணுக்குத் தெரிகின்றன. ஆகவே சந்தேகமே வராது. ஆனால் டெர்மினல் வெளிக் கோப்புறையில் திறக்கிறது. அங்கே 'என்பிஎம் ஸ்டார்ட்' கொடுத்தால் 'பேக்கேஜ்.ஜேசன்' இல்லை என்று பிழை. உள்ளே இருக்கும் '.விஎஸ்கோட்' கோப்புறையில் எழுதிவைத்த அமைப்புகளும் பிழைநீக்கக் கட்டளைகளும் வேலை செய்வதில்லை. எடிட்டர் அவற்றை வேரில் மட்டுமே தேடும். பைத்தானுக்கான மெய்நிகர்ச் சூழல் உள்ளே இருந்தால் அதுவும் தானாகக் கண்டுபிடிக்கப்படாமல் போகலாம். எக்ஸ்ப்ளோரரின் மேல் வரியில் உள்ள பெயரும் அதற்கு அடுத்த வரியில் உள்ள பெயரும் ஒன்றாக இருந்தால் பெரும்பாலும் இதுதான் நடந்திருக்கும். உள் கோப்புறையை வேராகத் திறந்தால் மேற்சொன்ன பிழைகள் எல்லாம் ஒரே சமயத்தில் மறையும்.

இதற்கு நேர்மாறாக 'எஸ்ஆர்சி' போன்ற துணைக் கோப்புறையை மட்டும் திறப்பவர்களும் உண்டு. அப்போது கிட் களஞ்சியம் மேல் கோப்புறையில் இருக்கிறது, திறக்கவா என்று எடிட்டர் கேட்கும். 'டி' டிரைவையோ பயனரின் முழு ஹோம் கோப்புறையையோ திறப்பது இன்னும் மோசம்: தேடல் மந்தமாகும், கோப்பு மாற்றங்களைக் கண்காணிக்கும் பகுதி திணறும். களஞ்சியத்தின் மேல்மட்டக் கோப்புறையைத் திறப்பதே பெரும்பாலான ப்ராஜெக்ட்டுகளுக்குப் பொருந்தும்.

இரண்டு மூன்று ப்ராஜெக்ட்டுகளை ஒரே சன்னலில் வைத்துக்கொள்ள வேண்டியவர்களுக்கு, பல வேர்களைக் கொண்ட ஒர்க்ஸ்பேஸ் வசதி 2017 அக்டோபர் மாதப் பதிப்பான 1.18 முதல் உள்ளது. 'ஆட் ஃபோல்டர் டு ஒர்க்ஸ்பேஸ்' கொடுத்துச் சேர்த்தபின் அந்தப் பட்டியலைத் தனிக் கோப்பாகச் சேமிக்கலாம். அந்தக் கோப்பில் கோப்புறைகளின் பாதைகள் பெரும்பாலும் அது இருக்கும் இடத்தை வைத்தே எழுதப்படுகின்றன. ஒர்க்ஸ்பேஸ் கோப்பை மட்டும் வேறிடத்துக்கு இழுத்துப் போட்டால் கோப்புறைகள் காணாமல் போவதற்கு இதுவே காரணம். அதைத் திறந்து பாதைகளைக் கையால் திருத்தலாம். சாதாரண ஜேசன் உரைதான்.

கோப்புறை இருந்தும் தெரியாதபோது

வேர் சரியாக இருந்தும் பட்டியலே தெரியவில்லை என்றால் பக்கப்பட்டை மறைந்திருக்கக்கூடும். கன்ட்ரோல், பி இரண்டையும் சேர்த்து அழுத்தினால் பக்கப்பட்டை வரும். மீண்டும் அழுத்தினால் போகும். வேறு ஏதோ குறுக்குவிசையைத் தேடும்போது கை தவறி இதை அழுத்திவிட்டுத் தவிப்பவர்கள் ஏராளம். கன்ட்ரோல், ஷிஃப்ட், இ மூன்றும் எக்ஸ்ப்ளோரரை நேராகக் கொண்டுவரும். மேக் கணினியில் கன்ட்ரோலுக்குப் பதில் கமாண்ட்.

எக்ஸ்ப்ளோரர் வந்தும் அதற்குள் கோப்புறை மரம் மட்டும் இல்லாமல் 'அவுட்லைன்', 'டைம்லைன்' பகுதிகளே தெரிந்தால், எக்ஸ்ப்ளோரர் தலைப்பின் வலது ஓரத்தில் உள்ள மூன்று புள்ளிகளைச் சொடுக்கி 'ஃபோல்டர்ஸ்' என்பதற்கு எதிரே குறி இருக்கிறதா என்று பாருங்கள். பகுதிகளைச் சுட்டியால் இழுத்துக் கண்ட இடத்தில் போட்டுவிட்டவர்கள் கமாண்ட் பேலட்டைத் திறந்து 'ரீசெட் வியூ லொகேஷன்ஸ்' என்ற கட்டளையை ஓட்டினால் எல்லாம் தொடக்க நிலைக்குத் திரும்பும்.

சில கோப்புகள் மட்டும் தெரியாமல் போவது வேறு வகை. 'ஃபைல்ஸ்: எக்ஸ்குளூட்' என்ற அமைப்பு '.கிட்' கோப்புறை, மேக்கின் '.டிஎஸ்_ஸ்டோர்', விண்டோஸின் 'தம்ப்ஸ்.டிபி' போன்றவற்றை இயல்பாகவே மறைக்கிறது. அதில் யாரோ ஒருவர் ப்ராஜெக்ட் அளவில் ஒரு வரி சேர்த்துவிட்டால், அந்தக் களஞ்சியத்தை இறக்கிய எல்லோருக்கும் அந்தக் கோப்புகள் மறைந்துவிடும். ஆகவே பயனர் அமைப்பு, ஒர்க்ஸ்பேஸ் அமைப்பு என இரண்டு தாவல்களிலும் பார்க்க வேண்டும். கிட் புறக்கணிக்கும் கோப்புகளை எக்ஸ்ப்ளோரரிலும் மறைக்கும் தேர்வு 2022 முதல் இருக்கிறது. இயல்பில் அது அணைந்தே இருக்கும், அப்போது அந்தக் கோப்புகள் மங்கிய நிறத்தில் தெரியும். தேடலுக்கு விதிகள் வேறு: எக்ஸ்ப்ளோரரில் தெரியும் 'நோட்_மாட்யூல்ஸ்' கோப்புறைக்குள் தேடல் இயல்பாகப் போகாது. கண்ணெதிரே இருக்கும் கோப்பு தேடலில் சிக்காததற்கு இதுவே பொதுவான விளக்கம்.

2019 நவம்பர் மாதப் பதிப்பிலிருந்து, உள்ளே ஒரே ஒரு துணைக் கோப்புறை மட்டும் கொண்ட கோப்புறைகள் சாய்கோட்டால் இணைக்கப்பட்டு ஒரே வரியில் காட்டப்படுகின்றன. ஜாவாவின் நீண்ட பேக்கேஜ் பெயர்களுக்கு இது வசதி. தொடக்கநிலையினருக்கோ இது தடை: நடுவில் உள்ள கோப்புறையில் புதிய கோப்பு உருவாக்க நினைத்தால் அது கடைசிக் கோப்புறையில் போய் விழும். வரியில் வேண்டிய பெயரை மட்டும் குறிவைத்துச் சொடுக்கலாம். 'காம்பேக்ட் ஃபோல்டர்ஸ்' தேர்வை நீக்கிவிடுவது இன்னும் எளிது. கற்பிக்கும் இடங்களில் இதை முதல் நாளே நீக்கிவிடுவது நல்லது என்பது என் கருத்து. கோப்புறை அமைப்பை உள்ளபடி பார்ப்பது கற்பவருக்கு அவசியம்.

தெரிகிறது, ஆனால் ஓடும்போது கிடைக்கவில்லை

ஒரு பைத்தான் ப்ராஜெக்ட்டில் 'பாடம்3' என்ற கோப்புறை. அதில் நிரலும் பக்கத்திலேயே 'மதிப்பெண்.சிஎஸ்வி' கோப்பும் இருக்கின்றன. நிரல் அந்தப் பெயரை அப்படியே கொடுத்துத் திறக்கப் பார்க்கிறது. ஓட்டும் பொத்தானை அழுத்தினால் கோப்பு இல்லை என்கிறது. கோப்பு பக்கத்தில்தான் இருக்கிறது. ஆனால் நிரல் ஓடும் இடம் வேர்க் கோப்புறை. வெறும் பெயரைக் கொடுத்தால் பைத்தான் தேடுவது நிரல் இருக்கும் இடத்தில் அல்ல, டெர்மினல் நிற்கும் இடத்தில்.

பைத்தான் நீட்சியில் 'எக்ஸிக்யூட் இன் ஃபைல் டிர்' தேர்வை இயக்கினால், டெர்மினலில் ஓட்டும்போது நிரல் இருக்கும் கோப்புறையே நடப்பு இடமாகும். பிழைநீக்கத்துக்கு 'லாஞ்ச்.ஜேசன்' கோப்பில் 'சிடபிள்யூடி' மதிப்பைத் தனியே குறிக்க வேண்டும். இரண்டுமே இந்த எடிட்டரில் மட்டும் உதவும். நிரலுக்குள்ளேயே '__ஃபைல்__' மாறியைக் கொண்டு தன் இருப்பிடத்தை அறிந்து, அங்கிருந்து பாதையைக் கட்டுவதே சரியான தீர்வு. அப்படி எழுதிய நிரல் எந்த எடிட்டரிலும், எந்தச் சர்வரிலும் ஓடும்.

இடம் மாற்றிய கோப்புறை

கிட் களஞ்சியத்தை அப்படியே வேறிடத்துக்கு நகர்த்தினால் கிட்டுக்குப் பாதிப்பில்லை. உடன் இருப்பவை அப்படியல்ல. பைத்தான் மெய்நிகர்ச் சூழல் தன் முழுப் பாதையையும் உள்ளே எழுதிவைத்திருக்கும், நகர்த்தினால் முறியும். அதை அழித்து, 'ரிக்குவயர்மென்ட்ஸ்.டிஎக்ஸ்டி' கொண்டு புதிதாக உருவாக்க வேண்டும். பில்ட் கருவியான சிமேக் தன் 'சிமேக்கேஷ்' கோப்பில் பழைய பாதையைக் கண்டு வேலை செய்ய மறுக்கும். பில்ட் கோப்புறையை அழித்துவிட்டு மறுபடி தொடங்குவதே வழி. எடிட்டருக்கும் புதிய பாதை புதிய ப்ராஜெக்ட்தான்: முன்பு திறந்திருந்த தாவல்கள் நினைவில் இருக்காது. 2021 மே மாதப் பதிப்பில் அறிமுகமான நம்பகச் சோதனையும் மீண்டும் வந்து, இந்தக் கோப்புறையை நம்புகிறீர்களா என்று கேட்கும். இல்லை என்று பதிலளித்தால் கோப்புகள் தெரியும். பிழைநீக்கமும் பல நீட்சிகளும் இயங்கா.

கோப்புறையை எங்கே வைப்பது

விண்டோஸில் 'டெஸ்க்டாப்', 'டாக்குமென்ட்ஸ்' கோப்புறைகள் பயனர் கவனிக்காமலே ஒன்டிரைவுக்குள் மாறியிருக்கலாம். அங்கே பல்லாயிரம் சிறு கோப்புகள் கொண்ட 'நோட்_மாட்யூல்ஸ்' ஒத்திசைவில் சிக்கும்; கோப்புகள் பூட்டப்பட்டு நிறுவல் பாதியில் நிற்கும். விண்டோஸின் பழைய 260 எழுத்துப் பாதை வரம்பும் ஆழமான கோப்புறைகளில் இடிக்கும். 'சி' டிரைவில் 'கோட்' என்று குறுகிய பெயரில் ஒரு கோப்புறை வைத்து ப்ராஜெக்ட்டுகளை அதற்குள் போடுவது இரண்டுக்கும் தீர்வு. டபிள்யூஎஸ்எல் வழியாக லினக்ஸில் வேலை செய்பவர்கள் கோப்புறையை லினக்ஸ் பக்கமே வைக்க வேண்டும். விண்டோஸ் டிரைவைக் குறுக்காக அணுகுவது மிக மெதுவாக இருக்கும். மேக்கில் 2019இன் கேட்டலினா முதல் 'டெஸ்க்டாப்', 'டாக்குமென்ட்ஸ்', 'டவுன்லோட்ஸ்' கோப்புறைகளுக்குத் தனி அனுமதி வேண்டும்; மறுத்திருந்தால் அவற்றின் உள்ளடக்கத்தை எடிட்டரால் படிக்க இயலாது. லினக்ஸில் புதிய கோப்புகள் தானாகப் பட்டியலில் வரவில்லை என்றால் ஐநோட்டிஃபை கண்காணிப்பு வரம்பு தீர்ந்திருக்கலாம். பழைய கர்னல்களில் அது 8,192 மட்டுமே. 524,288 வரை உயர்த்துவது வழக்கம்.

தமிழ்ப் பெயர்களை எக்ஸ்ப்ளோரர் சரியாகவே காட்டும். 'கிட் ஸ்டேட்டஸ்' கட்டளையில் மட்டும் அவை \340\256 என்று தொடங்கும் எண் வரிசைகளாகத் தெரியும். கோப்பு கெட்டுவிடவில்லை, கிட்டின் 'கோர்.குவோட்பாத்' அமைப்பைப் பொய் மதிப்புக்கு மாற்றினால் தமிழிலேயே தெரியும். ஆனால் 'மேக்' (make) போன்ற பழைய பில்ட் கருவிகள் பெயரில் இடைவெளி இருந்தால் தடுமாறும். கோப்புறைப் பெயரில் இடைவெளிக்குப் பதில் கீழ்க்கோடு போடுங்கள்.

மீண்டும் நிறுவுதல்

எதுவும் பலிக்கவில்லை என்றதும் பலர் எடிட்டரையே நீக்கிவிட்டு மறுபடி நிறுவுகிறார்கள். அதனால் பயன் அரிது. நிரலை நீக்கினாலும் பயனரின் அமைப்புகளும் நீட்சிகளும் அழிவதில்லை. விண்டோஸில் அவை 'ஆப்டேட்டா' வழியே 'ரோமிங்' கோப்புறையின் 'கோட்' என்ற இடத்திலும், பயனர் கோப்புறையின் '.விஎஸ்கோட்' என்ற இடத்திலும் அப்படியே கிடக்கின்றன. புதிதாக நிறுவிய எடிட்டர் அதே பழைய அமைப்புகளைத்தான் எடுத்துக்கொள்கிறது. அதற்குப் பதில் டெர்மினலில் 'கோட்' கட்டளையுடன் 'டிசேபிள்-எக்ஸ்டென்ஷன்ஸ்' தேர்வைச் சேர்த்துத் திறந்து பாருங்கள். சிக்கல் மறைந்தால் ஏதோ ஒரு நீட்சிதான் காரணம். மறையாவிட்டால் 'யூசர்-டேட்டா-டிர்' தேர்வுக்கு ஒரு வெற்றுக் கோப்புறையைக் கொடுத்துத் திறக்கலாம். அதிலும் கோப்புறை தெரியவில்லை என்றால் கோளாறு எடிட்டர் அமைப்பில் இல்லை, வட்டில் உள்ள கோப்புறையிலோ அதன் அனுமதிகளிலோ இருக்கிறது.