காலிப் போத்தலின் இருபது வருடக் கதை

2022 ஏப்ரலில் இங்கிலாந்துப் பத்திரிகைகளில் ஒரு விநோதமான செய்தி வந்தது. ஐம்பது வயதை ஒட்டிய பெண்கள் கார் நிறுத்துமிடங்களில் சந்தித்து, ஒருவரிடம் மிச்சமிருக்கும் மருந்தை இன்னொருவர் வாங்கிக்கொள்கிறார்கள் என்றது செய்தி. போதைப்பொருள் ஒன்றுமில்லை. மாதவிடாய் நிற்கும் காலத்தில் உடலில் குறைந்துபோகும் ஈஸ்ட்ரோஜனைத் தோல் வழியாக ஈடுகட்டும் ஈஸ்ட்ரோஜெல் என்ற ஜெல்தான் அது.

அந்த மருந்து வரும் 80 கிராம் போத்தலை ஒருமுறை அமுக்கினால் 1.25 கிராம் வரும். ஆக மொத்தம் 64 அமுக்கு. நாளுக்கு இரண்டு என்றால் 32 நாள் தாங்கும். நான்கு தேவைப்படுகிறவருக்கு 16 நாளில் காலி. தட்டுப்பாடு வந்தபோது பெண்கள் போட்டது இந்தக் கணக்கைத்தான். இரண்டை ஒன்றாக்கினார்கள், கடை கடையாக ஏறி இறங்கினார்கள், தோழிகளிடம் கடன் வாங்கினார்கள். அளவைக் குறைத்தால் இரவு வியர்வை, தூக்கமின்மை, மூட்டுவலி, காரணமில்லாத பதற்றம் எல்லாம் திரும்பி வரும். கைமாற்றி வாங்குவதில் வேறொரு ஆபத்து இருக்கிறது. கருப்பை உள்ளவர் ஈஸ்ட்ரோஜனை மட்டும் எடுத்தால் கருப்பையின் உட்சுவர் தடிக்கும், புற்றுநோய் வாய்ப்பு கூடும். கூடவே புரோஜெஸ்டரோன் வகை மருந்தும் வேண்டும். தோழி கொடுக்கும் போத்தலோடு அந்த எச்சரிக்கை சேர்ந்து வருவதில்லை.

அரசு அசைந்தது. ஏப்ரல் இறுதியில் அப்போதைய சுகாதார அமைச்சர் சாஜித் ஜாவித், கோவிட் தடுப்பூசிப் பணிக்குழுவை நடத்திய மேடலின் மெக்டெர்னனை இந்த மருந்து விநியோகத்தைச் சரிசெய்ய நியமித்தார். ஈஸ்ட்ரோஜெல் உட்பட மூன்று மருந்துகளை ஒருவருக்கு மூன்று மாதத்துக்கு மேல் தரக்கூடாது என்று கட்டுப்பாடு வந்தது. தேவை எதிர்பாராமல் கூடிவிட்டது என்பதுதான் சொல்லப்பட்ட காரணம். இங்கிலாந்தில் ஹார்மோன் மருந்துச் சீட்டுகள் ஐந்தாண்டுகளில் இரண்டு மடங்குக்கு மேல் ஆகியிருந்தன. 2021-இல் டேவினா மெக்கால் சேனல் 4-இல் செய்த மெனோபாஸ் ஆவணப்படம்தான் இந்தக் கூட்டத்துக்குக் காரணம் என்று பலர் சொன்னார்கள்.

நான் ஓர் ஆலையில் உற்பத்தித் திட்டமிடலில் இருக்கிறேன். 'தேவை எதிர்பாராமல் கூடிவிட்டது' என்ற வாக்கியத்தைக் கேட்டாலே எனக்குள் ஒரு கேள்வி எழும்: எதை வைத்து எதிர்பார்த்தீர்கள்? அடுத்த வருடம் எவ்வளவு தயாரிப்பது என்று முடிவெடுக்க நாங்கள் முதலில் பார்ப்பது போன வருடம் எவ்வளவு விற்றது என்பதைத்தான். அந்தக் கணக்கில் வாங்கியவர் இருப்பார். தேவை இருந்தும் கேட்காதவர் இருக்கமாட்டார்.

சரி, ஏன் கேட்கவில்லை? அதற்குக் கொஞ்சம் பின்னால் போகவேண்டும்.

1942-இல் பிரேமரின் அமெரிக்கச் சந்தைக்கு வந்தது. சினைக் குதிரைகளின் சிறுநீரிலிருந்து எடுத்த ஈஸ்ட்ரோஜன் அது. 1966-இல் ராபர்ட் வில்சன் என்ற மருத்துவர் 'ஃபெமினின் ஃபாரெவர்' என்ற புத்தகத்தில் மெனோபாஸைக் குறைபாட்டு நோயாகவே சித்தரித்தார். மாத்திரை போட்டால் இளமை நிற்கும் என்றார். விற்பனை ஏறியது. 1975-இல் கருப்பை உட்சுவர்ப் புற்றுநோயோடு ஈஸ்ட்ரோஜனுக்கு உள்ள தொடர்பை ஆய்வுகள் காட்டியதும் இறங்கியது. இரண்டாவது ஹார்மோனைச் சேர்த்துத் தரத் தொடங்கியபின் மறுபடி ஏறியது.

2002 ஜூலையில் பெரிய அடி விழுந்தது. 'விமன்ஸ் ஹெல்த் இனிஷியேட்டிவ்' என்ற அமெரிக்க ஆய்வில், 16,608 பெண்கள் பங்கேற்ற கூட்டு ஹார்மோன் சோதனையைப் பாதியில் நிறுத்தினார்கள். மார்பகப் புற்றுநோய் 26 சதவீதம் கூடுகிறது என்று தலைப்புச் செய்திகள் வந்தன. அதே எண்ணை வேறுமாதிரியும் சொல்லலாம். ஆண்டுக்கு 10,000 பெண்களில் மருந்து எடுக்காதவர்களில் 30 பேருக்கு வந்தது, எடுத்தவர்களில் 38 பேருக்கு வந்தது. எட்டுப் பேர் கூடுதல். மாரடைப்பு, பக்கவாதம், ரத்தக்கட்டு ஆகியவையும் கூடின. அந்த எட்டுப் பேரை நான் சின்ன எண் என்று தள்ளவில்லை. ஆனால் ஆய்வில் இருந்தவர்களின் சராசரி வயது 63. அவர்கள் எடுத்தது குதிரை ஈஸ்ட்ரோஜனும் செயற்கைப் புரோஜெஸ்டினும் சேர்ந்த மாத்திரை. ஐம்பது வயதில் தூக்கமில்லாமல் தவிக்கிற ஒருத்திக்கு, தோலில் தடவும் ஜெல்லைப் பற்றி அந்த எண் எவ்வளவு சொல்லும்?

அதை நிதானமாக விளக்க யாருக்கும் பொறுமை இருக்கவில்லை. அமெரிக்காவில் வருடத்துக்கு 9.1 கோடியாக இருந்த ஹார்மோன் மருந்துச் சீட்டுகள் ஒரே வருடத்தில் 5.7 கோடி அளவுக்கு விழுந்தன. 2003-இல் பிரிட்டனின் 'மில்லியன் விமன்' ஆய்வு வந்து அங்கேயும் பயம் இறுகியது. பெண்கள் கேட்பதை நிறுத்தினார்கள், மருத்துவர்கள் எழுதத் தயங்கினார்கள். ஆலைகளின் கண்ணில் இது வெறும் சந்தைச் சுருக்கம். பயந்து நிறுத்தியவரும் தேவையில்லாமல் நிறுத்தியவரும் விற்பனைக் கணக்கில் ஒரே பூஜ்யம்தான். 2022-இன் காலிப் போத்தல் இந்த இருபது வருட மௌனத்தில் காலியானது என்றே நான் வாசிக்கிறேன்.

நம் இலக்கணக்காரர்கள் பெண்ணின் பருவங்களைப் பேதை, பெதும்பை என்று தொடங்கி ஏழாக எண்ணினார்கள். கடைசியாக வரும் பேரிளம்பெண் பொதுவாக 40 வயதோடு முடிந்துவிடுகிறாள். அதற்குப் பிறகான வயதுக்கு அந்த வரிசையில் பெயரே கிடையாது. இதைப் படித்துக்கொண்டிருந்த நாட்களில் அம்மாவிடம் கேட்டேன்.

"அதுவா? நின்னு மூணு வருஷமாச்சு. ராத்திரி தூக்கந்தான் சரியா வர்றதில்ல."

"கிளினிக்ல சொன்னீங்களாம்மா?"

"இதையெல்லாமா போய்ச் சொல்லுவாங்க?"

அம்மாவுக்கு மருந்து தேவையா இல்லையா என்பதை மருத்துவர் சொல்லட்டும். தேவையே இல்லாமலும் இருக்கலாம். ஆனால் சொல்லாதவரை அவரும் யாருடைய கணக்கிலும் வராத ஆள்தான்.

இங்கிலாந்தில் பெண்கள் சத்தம் போட்டது வீணாகவில்லை. 2022 மே மாதமே பார்மசிக்காரர்கள் மருத்துவரிடம் திருப்பி அனுப்பாமல் மாற்று ஜெல்லோ ஸ்பிரேயோ கொடுக்க அனுமதி வந்தது. 2023 ஏப்ரல் முதல், இரண்டு மருந்துச் சீட்டுக்கான கட்டணத்தை முன்கூட்டியே கட்டினால் ஒரு வருடத்துக்கான ஹார்மோன் மருந்து கிடைக்கிறது. தட்டுப்பாடு அதோடு அடியோடு ஒழிந்துவிடவில்லை. ஆனால் அடுத்த வருடத்துக்கான திட்டத்தைப் போடுகிறவர் முன்னால் இப்போது ஒரு பெரிய எண் இருக்கிறது. வெட்கத்தை விட்டுக் கேட்ட பெண்கள் எழுதிய எண் அது.