எந்த மலைக்கும் ஒரு சோடிப் பலகை

மார்கழிக் கடைசியில் எங்கள் வட்சப் குழுவுக்கு ஒரு குரல்பதிவு வந்தது. அனுப்பியவ எங்களில் ஒருத்தியின் பெரியம்மா மகள், சுவிஸில் பேர்ன் பக்கம் இருக்கிற அக்கா.

"பிள்ளையள், நீங்கள் வரலாறு படிக்கிற ஆக்கள்தானே. எனக்கு ஒரு சோடி ஸ்கீ வாங்க வேணும். கடையில நூறு விதம் வச்சிருக்கிறாங்கள். வருசத்துக்கு நாலு நாள், அஞ்சு நாள் போற எனக்கு எது சரியெண்டு கேட்டால், ஓல்-மவுண்டன் எடுங்கோ, எந்த மலைக்கும் சரிவரும் எண்டுறாங்கள். எல்லாத்துக்கும் சரிவாற சாமான் எண்டு ஒண்டு இருக்குமே?"

முதலில் சிரித்தோம். எங்களுக்குத் தெரிந்த பனி, தை மாதத்தில் நுவரெலியாப் புல்லில் ஒரு விடியற்காலை வெள்ளையாகக் கிடந்துவிட்டு வெயில் ஏற முதல் காணாமல் போற பனி. எங்களிட்டப் போய் ஸ்கீ கேட்கிறாவே என்று.

பிறகுதான் அக்கா மற்றக் கதையைச் சொன்னா. ஒன்பது வயதில் சுவிஸுக்குப் போனவ. அங்கே பள்ளிக்கூடங்களில் மாரிகாலத்தில் வகுப்பையே மலைக்குக் கூட்டிக்கொண்டு போய் ஒரு கிழமை ஸ்கீ முகாம் வைப்பார்கள். அவவை அனுப்பவில்லை. காசும் இல்லை, "உது எங்கட ஆக்களின்ர வேலை இல்லை" என்று பெரியப்பா சொல்லியும் விட்டார். வகுப்பு மலைக்குப் போன அந்தக் கிழமை, போகாத இரண்டு மூன்று பிள்ளைகளோடு வேறொரு வகுப்பில் இருத்தி வைத்தார்களாம். இப்போது அவவின் மகளுக்கு முகாம் வயது. 2017இல் சுவிஸ் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது: கட்டாய முகாம்களுக்குப் பெற்றோரிடம் சாப்பாட்டுச் செலவு மட்டும்தான் வாங்கலாம், நாளொன்றுக்கு 10 முதல் 16 பிராங் வரை. ஆகவே மகள் போறா. "அவள் கீழ இறங்கேக்க நான் மேல நிண்டு பாத்துக்கொண்டிருக்கேலாது" என்று அக்கா 34 வயதில் பழகத் தொடங்கியிருக்கிறா.

கேள்வி சும்மா கடைக் கேள்வி இல்லை என்று விளங்கினது. வாசிக்கத் தொடங்கினோம்.

ஸ்கீ என்ற சொல்லே பழைய நோர்ஸ் மொழியில் பிளந்த மரத்துண்டைக் குறித்தது. சுவீடனில் கல்வ்த்ரெஸ்க் என்ற இடத்துச் சதுப்பில் கிடைத்த ஸ்கீ 5,000 வருடத்துக்கும் மேல் பழையது. எங்களுக்கு அதைவிடப் பிடித்தது நோர்வேயின் டிகெர்வார்டன் மலையில் கிடைத்தது. 2014இல் பனித்திட்டு உருகி ஓரமாக ஒற்றை ஸ்கீ வெளியே வந்தது. மற்றது உள்ளேதான் இருக்க வேண்டும் என்று தொல்லியலாளர்கள் ஏழு வருடம் அந்தத் திட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். 2021இல் அதுவும் வந்தது. சுமார் 1,300 வருடம் பழைய சோடி. பிந்தி வந்தது 187 சென்ரிமீற்றர் நீளம், 17 சென்ரிமீற்றர் அகலம். பாவித்துத் தேய்ந்து, திருத்தி, திரும்பப் பாவித்த பலகை. இரண்டும் ஒரே அளவுகூட இல்லை. (பூமி சூடாகாவிட்டால் இந்தச் சோடி இன்னும் பனிக்குள்தான் கிடந்திருக்கும். அது வேறு கட்டுரைக்கு.)

அந்தக் காலத்து ஆள் இந்தப் பலகையில் ஏற வேண்டும், இறங்க வேண்டும், சமதரையில் நடக்க வேண்டும், வேட்டைக்கும் போக வேண்டும். இது மலைக்கு, அது காட்டுக்கு என்று இரண்டு சோடி வைத்திருக்க யாருக்கு வசதி? ஸ்கண்டிநேவியாவின் சில பகுதிகளில் ஒரு காலுக்கு நீளப் பலகை, மற்றக் காலுக்கு அடியில் தோல் ஒட்டின கட்டைப் பலகை என்று போட்டார்கள். கட்டையால் உதைத்து நீளத்தில் வழுக்குவது. ஒரு சோடிக்குள்ளேயே இரண்டு வேலை. சாமி மக்களும் இப்படித்தான் எத்தனையோ தலைமுறையாகப் போனார்கள். வரலாற்று நூல்களில் பெயர் என்னவோ நோர்வேக்காரருக்குத்தான் அதிகம். 1888இல் நான்சன் ஸ்கீயில் கிறீன்லாந்தைக் கடந்தார் என்று எல்லாரும் எழுதுகிறார்கள். போன ஆறு பேரில் இரண்டு பேர் சாமிகள் என்பது பலநேரம் அடிக்குறிப்பில் நிற்கிறது.

ஸ்கண்டிநேவியாவுக்கு வெளியேயும் கதை இருக்கிறது. இன்றைய சுலோவேனியாவில் புளோக்கே என்றொரு மேட்டுநிலம். 1689இல் வால்வசோர் என்ற அறிஞர் தன் நாட்டைப் பற்றி எழுதிய பெரிய நூலில், அங்குள்ள விவசாயிகள் கட்டைப் பலகைகளைக் காலில் கட்டி, ஒரு தடியை ஊன்றி, மரங்களுக்கு இடையால் பாம்பு மாதிரி வளைந்து வளைந்து இறங்குவதைப் பதிந்திருக்கிறார். இந்தப் புளோக்கேயை ஞாபகம் வைத்திருங்கள்.

பலகையின் வடிவத்தோடு சேர்த்துச் சொல்லப்படும் பெயர் சொண்ட்ரே நூர்ஹைம். 1825இல் நோர்வேயின் டெலிமார்க் பகுதியில், மோர்கெடாலில் பிறந்தவர். சொந்தக் காணி இல்லாத குடியானவர். முனையும் வாலும் அகலமாய், நடு ஒடுங்கி இடுப்பு விட்ட பலகையும், முறுக்கின மரவேரால் குதியைச் சுற்றிப் பிடிக்கிற கட்டும் அவரால்தான் பிரபலமாயின. இடுப்பு எதற்கு? பலகையை ஒரு பக்கம் சரித்தால் அகலமான முனையும் வாலும் பனியில் ஊன்றும், ஒடுங்கின நடுவை உங்கள் பாரம் அமத்தும். பலகை வில்லாக வளையும். வளைந்த பலகை வளைந்துதானே போகும். இன்று கடையில் இருக்கிற அத்தனை விலைச்சீட்டுக்கும் அடியில் இந்த ஒரு சூட்சுமம்தான். 1868இல் தலைநகர் கிறிஸ்தியானியாவுக்குப் போட்டிக்குப் போய் 42 வயதில் நகரத்தாரை அசத்தினார். ஆனால் புகழ் சோறு போடவில்லை. 1884இல் குடும்பத்தோடு அமெரிக்காவுக்குப் புலம்பெயர்ந்து, மலையே இல்லாத வட டகோட்டாச் சமவெளியில் 1897இல் செத்துப்போனார்.

நான்சனின் பயணத்துக்குப் பிறகு ஸ்கீ அல்ப்ஸுக்கு வந்தது. அங்கே சரிவு கூட, நோர்வேயின் நீளப் பலகை சரிவரவில்லை. ஒஸ்ரியாவில் சார்ஸ்கி என்பவர் பலகையைக் குறைத்து, பிணைப்பை இறுக்கி, செங்குத்துக்கு ஏற்ற முறை ஒன்றை எழுதினார். நோர்வே முறைக்காரர்களுக்கும் அவருக்கும் பெரிய சண்டை. 1926இல் சால்ஸ்பூர்க்கைச் சேர்ந்த ருடோல்ஃப் லெட்னர் விளிம்புக்கு உருக்குப் பட்டி அடித்துக் காப்புரிமை எடுத்தார். அதுக்குப் பிறகுதான் இறுகின பனியிலும் மரப்பலகை பிடித்து நின்றது.

இதுவரைக்கும் இறங்க விரும்பினவர் முதலில் ஏற வேண்டும். அதை மாத்தினது இயந்திரம். 1934இல் சுவிஸின் தாவோஸில் ஆக்களைக் கம்பியில் கொளுவி மேலே இழுக்கிற லிஃப்ட் வந்தது. 1936இல் அமெரிக்காவின் சன் வலியில் கதிரை லிஃப்ட். அதை வடிவமைத்த ஜேம்ஸ் கரன், முன்னர் வெப்பநாடுகளில் கப்பலுக்கு வாழைக்குலை ஏற்றுகிற கொளுக்கிப் பொறிகளில் வேலை செய்த பொறியியலாளர். குலைக்குப் பதில் கதிரையைக் கொளுவினார். ஸ்கீ வரலாற்றில் எங்கட பக்கத்துச் சாமான் ஏதாவது அகப்படாதா என்று தேடிக்கொண்டிருந்த எங்களுக்கு வாழைக்குலையாவது கிடைத்தது!

ஏறுகிற வேலை போனதும் பலகை பிரியத் தொடங்கியது. இறங்க மட்டும் ஒரு பலகை, வளைந்தோட ஒன்று, சமதரைக்கு ஒன்று. எல்லா வேலைக்கும் ஒரே சோடி என்பது பழைய ஏழ்மையின் அடையாளமாகிப் போனது. பலகையை யார் தீர்மானிக்கிறார் என்பதும் மாறியது. விவசாயி இல்லை, போட்டிக்காரர்.

அதே 1936இல் பிரான்சில் இன்னொரு விசயம் நடந்தது. மக்கள் முன்னணி அரசு தொழிலாளருக்குச் சம்பளத்தோடு இரண்டு கிழமை லீவை சட்டமாக்கியது. லியோ லக்ராஞ் என்ற அமைச்சர் புகையிரதக் கட்டணத்தில் 40 வீதம் குறைக்க ஏற்பாடு செய்தார். 1956இல் லீவு மூன்று கிழமை, 1969இல் நாலு கிழமை. கூடின கிழமைகளில் ஒன்றைக் கொஞ்சம் வசதியுள்ளவர்கள் பனிக்குக் கொண்டு போனார்கள். 60கள், 70களில் பிரெஞ்சு அரசே மலையுச்சிகளில் கொங்கிறீற் நகரங்களைக் கட்டியது. தொழிலாளர் எல்லாரும் போனார்கள் என்று சொல்ல வரவில்லை, பனி விடுமுறை கடைசிவரைக்கும் காசுள்ளவர் பக்கம் சாய்ந்துதான் இருந்தது. ஆனாலும் புதிதாக ஒரு ஆள் வந்துவிட்டார்: வருடத்தில் ஒரு கிழமை ஸ்கீ போறவர். அக்காவின் முன்னோடி.

அந்த ஆளின் கையில் என்ன கொடுத்தார்கள்? கையை மேலே தூக்கி நில், மணிக்கட்டைத் தொடுகிற நீளம்தான் உன் பலகை. 2 மீற்றருக்கும் மேலே. வருடக்கணக்காகப் பழகினவர்களுக்கு அது சரி. ஒரு கிழமைக்காரர் அந்தக் கிழமை முழுக்க விழுந்து எழும்பிவிட்டு வீட்டுக்குப் போவார்.

இங்கேதான் எங்களுக்கு மிகவும் பிடித்த ஆள் வாறார். ஹவார்ட் ஹெட், அமெரிக்க விமானக் கம்பனியொன்றில் பொறியியலாளர். 1947இல் முதற்தடவை ஸ்கீ போய் மோசமாகச் சொதப்பினார். எனக்குத் தெரியாது என்று சொல்லாமல், இந்த மரப்பலகையில்தான் பிழை என்று சொன்னார். விமானம் கட்டுகிற மாதிரி அலுமினியத் தகடுகளை ஒட்டிச் செய்த முதல் ஆறு சோடியும் பரீட்சையில் உடைஞ்சுபோச்சு. திரும்பத் திரும்பச் செய்து, 1950இல் நடுவில் பிளைவூட், மேலும் கீழும் அலுமினியம், ஓரத்தில் உருக்கு என்று ஒரு பலகையைக் கொண்டுவந்தார். திருப்புவது அவ்வளவு சுகம். கெட்டிக்காரர் அதற்கு வைத்த பட்டப்பெயர் "ஏமாத்துப் பலகை". பிற்காலத்தில் இதே மனிசன் ரெனிஸ் பழகப் போய், அதுவும் சரிவராமல், 1976இல் பெரிய தலையுள்ள மட்டையைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். அதையும் முதலில் சிரித்தார்கள். பிறகு எல்லாரும் பிடித்தார்கள்.

1993இல் இன்னொருக்கா இதே கதை. சுலோவேனியா தனிநாடாகி இரண்டு வருடம். போர்க்காலத்தில் பார்ட்டிசான் போராளிகளுக்கு ஸ்கீ செய்து கொடுத்த ஒருவர் 1945இல் தொடங்கின எலான் தொழிற்சாலையில், யூரி ஃப்ராங்கோ, பாவெல் ஷ்கொஃபிச் என்ற இரு பொறியியலாளர்கள் நூர்ஹைமின் இடுப்பை எடுத்து அளவுக்கு மீறி ஒடுக்கினார்கள். எஸ்சிஎக்ஸ் என்று பெயர். பழைய பலகை சரித்தால் பெரிய வட்டம் போடும், இது சுமார் 15 மீற்றர் ஆரையில் திரும்பியது. பழகுறவர்களுக்கான விளையாட்டுச் சாமான் என்று சொன்னவர்கள் இருந்தார்கள். பத்து வருடத்துக்குள் நேர்ப்பலகை கடைகளில் இல்லாமல் போனது. நீளமும் 2 மீற்றரில் இருந்து ஆளின் உயரத்துக்குக் கீழே இறங்கியது. புளோக்கே விவசாயி கட்டைப் பலகையில் வளைந்து இறங்கின அதே நாட்டில் இது நடந்ததை நாங்கள் தற்செயல் என்றுதான் எழுத வேண்டும். ஆனால் எழுதக் கை வரவில்லை.

அகலத்தின் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறோம். 80களின் கடைசியில் ஒஸ்ரியாவின் அட்டோமிக் நிறுவனத்தில் ருப்பேர்ட் ஹூபர் ஒரு ஸ்னோபோர்ட்டை நெடுக்காக இரண்டாய் அறுத்துப் பார்த்தார். அகலப் பலகை மெத்துப்பனியில் தாழாமல் மிதந்தது. அதை விரும்பி எடுத்தவர்கள் முழங்கால் தேய்ந்த வயதானவர்களும் பழக்கம் குறைந்தவர்களும். 2002இல் ஷேன் மெக்கொங்கி நீர்ச்சறுக்குப் பலகையைப் பார்த்து முனையும் வாலும் மேலே வளைந்த ஸ்கீயை வெளியிட வைத்தார். அவர் ஆகப்பெரிய கெட்டிக்காரர், ஆனால் அந்த வளைவிலும் அதிகம் நன்மை பெற்றது விழுந்தெழும்புகிற ஆக்கள்தான்.

ஓல்-மவுண்டன் என்று கடைக்காரர் நீட்டுகிற பலகைக்குள் இவ்வளவும் இருக்கிறது. டெலிமார்க்கின் இடுப்பு, லெட்னரின் உருக்கு, ஹெட்டின் உலோகம், எலானின் ஆழவளைவு, மெக்கொங்கியின் தூக்கின முனை, எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம். அதால் எதிலும் உச்சம் இல்லை. மெத்துப்பனிக்கு இதைவிட அகலம் நல்லது, போட்டித் தடத்துக்கு இதைவிட ஒடுக்கம் நல்லது.

அக்காவுக்கு நாங்கள் அனுப்பின பதில் இதுதான். இந்தப் பெயரில் விற்கிறதில் இடுப்பு 80க்குக் கீழேயும் இருக்கும், 100 மில்லிமீற்றரும் இருக்கும். நீங்கள் போறது உருட்டி இறுக்கின தடத்தில் எண்டபடியால் 75க்கும் 85க்கும் இடையில பாருங்கோ. நீளம் நாடிக்கும் மூக்குக்கும் இடையில. முனை கொஞ்சம் தூக்கி, நடு வழமையான வில்லாக, வளைச்சால் வளையிறதாக இருக்கட்டும். கெட்டிக்காரர் புகழுற விறைச்ச பலகை வேண்டாம், அது வேகமாப் போறவருக்குத்தான் கீழ்ப்படியும். பிணைப்பை நீங்களே திருகாதேங்கோ. விழுந்தால் சப்பாத்தை எப்ப விடவேணும் எண்டதை உங்கட நிறை, உயரம், வயசு, பழக்கம், சப்பாத்து நீளம் எல்லாம் பார்த்துக் கடையில வைப்பாங்கள். பழக்கத்தைக் கூட்டிச் சொன்னால் கால்தான் முறியும். முக்கியமா, காசை முதல் சப்பாத்தில போடுங்கோ. பலகையை இந்த வருசமும் வாடகைக்கு எடுங்கோ.

கடைசி வரியில் எங்களுக்குள்ளேயே சண்டை. "வாடகை எண்டால் அவவுக்கு ஒண்டும் சொந்தமில்லாத மாதிரித்தானே இருக்கும், அவ கேட்டது பலகையை மட்டுமில்லை" என்று ஒருத்தி. வருடம் ஐந்து நாளுக்குச் சொந்தமாக வாங்கி நிலவறையில் வைத்திருப்பதில் என்ன வரலாறு என்று மற்றவன். தாழ்ந்த மலைகளில் பனியும் வரவரக் குறைகிறது. கடைசியில் இரண்டு கருத்தையும் அப்படியே அனுப்பினோம்.

மாசியில் ஒரு படம் வந்தது. வாடகைக்கடைச் சீட்டு ஒட்டின சோடியொன்று அக்காவின் நாடிக்குச் சற்று மேலே நிற்கிறது. பக்கத்தில் மகள், முகாமில் பழகின தோரணையோடு. கூடவே ஒரு குரல்பதிவு: "சப்பாத்து சொந்தம். இருக்க, அந்தப் புளோக்கே எண்ட இடம் எங்க கிடக்குது? எங்கட வீட்டில இருந்து காரில போகேலுமே?"