திரும்பி வாழ ஒரு கதவு

கடல் கடந்து சென்ற தமிழர் பலர் ஊரை விட்டுப் புறப்படும்போது, “பத்து வருடம் உழைத்துவிட்டுத் திரும்பி வந்துவிடுவோம்” என்றுதான் சொல்லிவிட்டுச் சென்றார்கள். பத்து வருடம் முப்பதாயிற்று, பிள்ளைகள் வளர்ந்தார்கள், குடியேறிய நாட்டின் குடியுரிமையும் கிடைத்தது. ஓய்வுபெற்றபின் ஊரில் நிலையாகத் தங்கலாம் என்று எண்ணும்போதுதான், சொந்த ஊருக்கே அந்நியராக விண்ணப்பிக்க வேண்டியிருப்பது தெரிகிறது. இந்த நிலை எவ்வாறு உண்டாயிற்று, எவ்வாறு மாறி வந்தது என்பதை அறிந்துகொண்டு முடிவு செய்வது நல்லது.

இந்தியா

1955ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டப்படி, வேறொரு நாட்டின் குடியுரிமையைத் தாமாக விரும்பி ஏற்றவர் அக்கணமே இந்தியக் குடிமகன் என்னும் நிலையை இழக்கிறார். அதன்பின் தாய் தகப்பனைப் பார்க்க வருவதற்கும் விசா வேண்டும். 180 நாளுக்கு மேல் தங்கினால் அதிகாரிகளிடம் பதிவு செய்துகொள்ள வேண்டும்.

1999இல் இந்திய வம்சாவளியினருக்கென்று ஓர் அட்டை அறிமுகமாயிற்று. இருபது ஆண்டுகளுக்குச் செல்லும் அந்த அட்டைக்குக் கட்டணம் ஆயிரம் டாலர். அவ்வளவு கொடுத்து வாங்க முன்வந்தவர் சிலரே. 2002இல் கட்டணத்தைப் பதினைந்தாயிரம் ரூபாயாகவும் காலத்தைப் பதினைந்து ஆண்டாகவும் குறைத்தார்கள். ஆனால் 180 நாள் பதிவு நீங்கவில்லை.

எல். எம். சிங்வி தலைமையிலான குழு 2002 ஜனவரியில் தந்த அறிக்கை இரட்டைக் குடியுரிமையைப் பரிந்துரைத்தது. 2003இல் திருத்தப்பட்ட சட்டம் பதினாறு நாடுகளில் வாழ்வோருக்கு மட்டும் இடம் தந்தது. 2005ஆம் ஆண்டுத் திருத்தம், பாகிஸ்தான், வங்காள தேசம் ஆகிய இரு நாடுகளைத் தவிர ஏனையவற்றுக்கும் அதை விரிவாக்கியது. ஓ.சி.ஐ. அட்டை இவ்வாறு பிறந்ததே. 2006 ஜனவரியில் ஹைதராபாத் மாநாட்டில் பிரதமர் மன்மோகன் சிங் முதல் அட்டைகளை வழங்கினார். 2015 ஜனவரியில் பழைய அட்டையும் இதனோடு இணைக்கப்பட்டது. புதுச்சேரி, காரைக்காலிலிருந்து பிரெஞ்சுக் குடிமக்களாகச் சென்றவர்களின் வழித்தோன்றல்களுக்கும் இதில் இடமுண்டு.

பெயரில் குடியுரிமை இருந்தாலும் இது முழுக் குடியுரிமை அன்று. ஆயுட்கால விசா என்பதே பொருத்தம். எத்தனை முறையும் வரலாம், எத்தனை காலமும் தங்கலாம், பதிவு தேவையில்லை. வாக்குரிமை கிடையாது, அரசுப் பதவி கிடையாது. வீடு வாங்கலாம், விளைநிலம் வாங்க முடியாது. ஆகவே, தஞ்சைப் பக்கம் நாலு மா நிலம் வாங்கிப் பயிர் செய்ய நினைப்பவர் அந்த ஆசையை விட்டுவிட வேண்டியதுதான்.

இந்த அட்டையும் அசைக்க முடியாததன்று. 2020 மார்ச்சில் கொரோனாப் பரவலை முன்னிட்டு, அட்டை உள்ளவர்களின் விசாவற்ற பயணம் நிறுத்தி வைக்கப்பட்டது. குடும்பத்தில் மரணம் போன்ற சில காரணங்களுக்கே மே மாதத்தில் முதலில் தளர்த்தினார்கள். ஆயுட்காலம் என்ற சொல்லுக்கும் எல்லை உண்டு என்பதை அந்த மாதங்கள் காட்டின.

இலங்கை

இலங்கைத் தமிழருக்கு முன்னோர் வழியில் இந்தியத் தொடர்பு இல்லையெனில், பொதுவாக இந்திய அட்டை கிடைக்காது. அவர்களுக்குள்ள வழி இரட்டைப் பிரஜாவுரிமை. 1987ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம் இதற்கு வழி செய்தது. இந்திய அட்டையைப் போலன்றி இது உண்மையான பிரஜாவுரிமை: வாக்கும் உண்டு, கடவுச்சீட்டும் உண்டு. ஆனால் பாராளுமன்றத்தில் அமர 2022ஆம் ஆண்டின் 21ஆம் திருத்தம் தடை விதிக்கிறது.

ஆனால் இக்கதவும் ஒருமுறை மூடப்பட்டது. 2011இல் நிறுத்தப்பட்ட இத்திட்டம் 2015இல்தான் மீண்டும் தொடங்கியது. இடையில், 2014ஆம் ஆண்டுச் சட்டம் வெளிநாட்டவர் காணி வாங்குவதைத் தடுத்தது; இரட்டைப் பிரஜைகளுக்கு விலக்கு அளித்தது. யாழ்ப்பாணத்தில் ஒரு வளவு வாங்கி வீடு கட்ட விரும்புவோர் இதைக் கருத்திற் கொள்ள வேண்டும். 55 வயது நிறைந்தவர் அந்த வயதையே தகுதியாகக் காட்டி விண்ணப்பிக்கலாம்.

மலேசியா

பிறப்புத் தொடர்பு எதுவுமில்லாமல், பணத்தின் பேரில் தங்க இடம் தருவது மூன்றாவது வகை. மலேசியா 1996இல் முதியோருக்கென ஒரு திட்டம் தொடங்கி, 2002இல் ‘மலேசியா எனது இரண்டாவது இல்லம்’ என்று மாற்றியது. கோயிலும் தமிழ்ப் பேச்சும் நல்ல மருத்துவமனைகளும் உள்ள பினாங்கு, கோலாலம்பூர் போன்ற ஊர்கள் நம்மவரை ஈர்ப்பது இயல்பே. பத்தாண்டு விசா தந்துவந்த இத்திட்டம் 2020இல் நிறுத்தப்பட்டது. 2021இல் திரும்பியபோது மாத வருமான நிபந்தனை பத்தாயிரம் ரிங்கிட்டிலிருந்து நாற்பதாயிரமாக உயர்ந்திருந்தது. 2024இல் விதிகள் மறுபடி மாறின. அவ்விதிகளின் முக்கியப் பிரிவுகளில் வைப்புத்தொகை 1,50,000 டாலர் முதல் பத்து லட்சம் டாலர் வரை. விசாவின் காலமும் அதற்கேற்ப ஐந்து முதல் இருபது ஆண்டு வரை.

ஒப்பிட்டால்

பணத்தால் பெறும் அனுமதி அரசின் தேவையைப் பொறுத்தது. தேவை மாறினால் விலையும் மாறும். பிறப்பால் பெறும் உரிமை அதைவிட உறுதியானது. எனினும் அதுவும் சட்டம் தந்ததே. பிரஜாவுரிமை மூன்றிலும் வலிமையானது. தகுதியுள்ளவர், கதவு திறந்திருக்கும்போதே விண்ணப்பித்துவிடுவது விவேகம். பழைய கடவுச்சீட்டு, பிறப்புச் சான்றிதழ், பெற்றோரின் பத்திரங்கள் ஆகியவற்றை இன்றே தேடி ஒரே இடத்தில் வைக்கலாம். எண்பது வயதில் அவற்றைத் தேடுவது எளிதன்று.

அனுமதி கிடைப்பதோடு காரியம் முடிவதில்லை. அமெரிக்காவின் மெடிக்கேர் பொதுவாக வெளிநாட்டுச் சிகிச்சைக்குப் பணம் தராது. பிரிட்டிஷ் அரசு ஓய்வூதியம் இந்தியா, இலங்கை, மலேசியா ஆகிய மூன்று நாடுகளிலும் ஆண்டுதோறும் உயர்வதில்லை. முதுமையில் மருந்துச் செலவு உயரும், நடை தளரும், கணவன் மனைவியரில் ஒருவர் முந்திக்கொள்வார். எந்த நாட்டில் தங்க முடியும் என்பதைச் சட்டம் சொல்லும். இரவு இரண்டு மணிக்கு நெஞ்சு வலித்தால் யார் ஓடி வருவார் என்பதைக் குடும்பத்தார் கூடிப் பேசித்தான் தீர்மானிக்க வேண்டும்.